டாங்ராவில் ஆடும் சிங்கம்

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் ஸ்ரீபெரும்புதூரை அடைந்து, தெற்கே ஒரகடம் நோக்கித் திரும்பினால், இது உடையவர் அவதரித்த ஊர் என்பதை நினைவூட்டுவதற்குள் தொழிற்சாலைகளின் பெயர்ப்பலகைகள் நம்மைச் சூழ்ந்துகொள்கின்றன. கொரியருக்கும் ஜப்பானியருக்கும் இங்கே உணவகங்கள் உண்டு. சுங்குவார்சத்திரத்தில் தைவானின் ஃபாக்ஸ்கான் இருக்கிறது. அங்கே இயந்திரங்களை நிறுவவும் பயிற்சியளிக்கவும் சீனத்திலிருந்து பொறியாளர்கள் வந்தனர். 2020 கல்வான் மோதலுக்குப் பின் அவர்களுக்கு விசா கிடைப்பது அரிதாயிற்று. 2025 ஜூலையில், தென்னிந்தியத் தொழிற்சாலைகளிலிருந்து சீனப் பொறியாளர்கள் நூற்றுக்கணக்கில் திரும்ப அழைக்கப்பட்டதாகச் செய்தி வெளியானது.

கி.பி. 640ஐ ஒட்டி யுவான் சுவாங் வந்து தங்கிய காஞ்சி இங்கிருந்து ஒரு மணி நேரப் பயணம்தான். நம் அடுக்களையில் சீனியும் சீனச்சட்டியும் இருக்கின்றன. நாட்டு மருந்துக் கடையில் சீனக்காரம் கிடைக்கிறது. ஈழத்தில் பட்டாசுக்குச் சீனவெடி என்றே பெயர். பண்டங்கள் இவ்வளவு இயல்பாக நம்மிடையே தங்கிவிட்டன. மனிதர்கள் தங்கினார்களா? தங்கியவர்கள் தம் கலையையும் வழிபாட்டையும் காத்துக்கொள்ள முடிந்ததா?

தமிழ் மண்ணில் இதற்குச் சிறியதொரு சான்று உண்டு, நீலகிரியில். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் ஆகிய நீரிணைக் குடியேற்றங்களின் சிறைகளில் இடம் போதாமையால், சீனக் கைதிகள் சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுள் ஒரு பகுதியினர் நடுவட்டத்துச் சிங்கோனாத் தோட்டங்களில், காய்ச்சலுக்கு மருந்தாகும் கொயினாப் பட்டைக்காக உழைத்தனர். விடுதலைக்குப் பின் சிலர் ஊர் திரும்பவில்லை. தமிழ்ப் பெண்களை மணந்து, காய்கறி பயிரிட்டு அங்கேயே வாழ்ந்தனர். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் அக்குடும்பங்களைக் கண்டு எழுதியிருக்கிறார். தம் வழக்கப்படி அவர்களது தலையையும் மூக்கையும் அளந்தும் வைத்தார்! ஆனால் அளவுகளைக் காட்டிலும் நம் மனத்தில் நிற்பது வேறொன்று. அக்குடும்பத் தலைவருக்கு ஒரேயொரு குறைதானாம்: கிறித்தவராக மதம் மாறியபோது தம் சடையை வெட்டிவிட நேர்ந்தது.

இதில் ஒரு விந்தை இருக்கிறது. அந்தச் சடை சீனரின் தொல்வழக்கமன்று. 1645இல் மஞ்சு அரசு, மறுத்தால் மரணம் என்ற ஆணையுடன் ஹான் ஆண்கள்மீது திணித்த அடையாளம் அது. இருநூறு ஆண்டுகளுக்குப் பின், கடல் கடந்த ஒரு மலைச்சரிவில், தான் சீனன் என்பதற்குக் கடைசிச் சான்றாக அதுவே ஒருவருக்கு எஞ்சியிருந்திருக்கிறது. பண்பாடு என்று நாம் பெருமிதத்துடன் சொல்வதில் எவ்வளவு பகுதி இப்படிப்பட்டதோ! அவர் தனியர். அவருக்குக் கோயில் இல்லை, சங்கம் இல்லை, தம் மொழி பேசும் மனைவி இல்லை. பிள்ளைகள் தமிழராயினர்.

எதிர்த்திசையில் சென்ற நம்மவர் கதையும் ஏறக்குறைய இதுவே. சீனத்தின் சுவான்சௌ துறைமுகத்தில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருப்பதை வாசகர்கள் அறிவர். குப்ளாய்கானின் நலத்துக்காகச் சம்பந்தப் பெருமாள் என்பார் சிவனை எழுந்தருளுவித்த செய்தியைச் சொல்வது அது. அவ்வணிகர்கள் மறைந்துபோயினர். அவர்களது கோயிலின் தூண்கள் அவ்வூர்க் கையுவான் பௌத்த ஆலயத்தில் நிற்கின்றன. அருகே செதியான் சிற்றூரில் நம்மூர்ப் பாணிச் சிற்பமொன்றைக் குவான்யின் தேவியாக இன்றும் வணங்குகிறார்கள். கல் தங்கிற்று; அதைச் செதுக்கிய மரபின் பெயர் தங்கவில்லை.

ஆக, கொல்கத்தாவுக்குத்தான் செல்லவேண்டும். 1780களின் தொடக்கத்தில் வாரன் ஹேஸ்டிங்ஸிடம் நிலம் பெற்று, ஹூக்ளிக் கரையில் கரும்பு பயிரிட்டுச் சர்க்கரை ஆலை வைத்த டோங் அச்சூவிடமிருந்து அந்நகரச் சீனரின் வரலாறு தொடங்குகிறது. அவர் பெயரால் அவ்வூர் அச்சிப்பூர் ஆயிற்று. வங்காளியர் சர்க்கரையைச் 'சினி' என்பது இவரால்தான் என்று சிலர் சொல்வதுண்டு. சொல் அவருக்கு மிகவும் முந்தியது, கதை அழகாயிருந்தாலும் ஏற்பதற்கில்லை. பின்னர் வந்தவர்களுள் காண்டன் பகுதியினர் தச்சர்கள். ஹக்கா மக்கள் தோல் பதனிட்டுக் காலணி செய்தனர். ஹூபே மாநிலத்தார் பல் மருத்துவர்கள்.

இவர்கள் காத்தது எதனால் என்பதே நமக்கு முக்கியம். ஒவ்வொரு பிரிவினரும் ஊர்ச்சங்கம் ஒன்றை நிறுவினர். டிரெட்டா பஜாரின் சந்துகளில் அச்சங்கக் கட்டடங்கள் இன்றும் உள்ளன. கீழே கூடம், மேலே கோயில் என்பது வழக்கமான அமைப்பு. கோயில்களுக்கு ஆங்கிலத்தில் 'சர்ச்' என்றே பெயர். 'சீ இப் சர்ச்சில்' குவான்யினும் 'தூங் ஆன் சர்ச்சில்' போர்வீரர் குவான் தியும் வீற்றிருப்பது முதல்முறை காண்பவரைத் திகைக்கவைக்கும். புதிதாக வந்தவனுக்குத் தங்க இடம், வேலை, சீட்டாட்டம், இறந்தால் புதைக்க நிலம் அனைத்தும் சங்கத்தின் பொறுப்பு. காசியிலும் பினாங்கிலும் நம் நகரத்தார் வைத்த விடுதிகளையும் கோயில்களையும் எண்ணிப் பார்த்தால் இது உடனே விளங்கும்.

சீனப் புத்தாண்டில் இச்சங்க வாசல்களில் சிங்கம் ஆடும். தலைக்குள் ஒருவர், உடலுக்குள் ஒருவர். பெருமுரசும் தாளமும் சேகண்டியும் முழங்க, கண்ணிமைத்தும் வாயசைத்தும் வீடு வீடாகச் செல்லும். வாசலில் உயரத்தில் கட்டிய கீரையையும் அதனுடன் பணம் வைத்த சிவப்பு உறையையும் எட்டிக் கவ்வுவது ஆட்டத்தின் உச்சம். தலைக்குள் இருப்பவர் தோளேறித் தாவவேண்டும். கீழுள்ளவர் குனிந்த முதுகுடன் மணிக்கணக்கில் நடக்கவேண்டும். பொய்க்கால் குதிரைக்காரரிடம் கேட்டால் இந்த வலியைச் சொல்வார்.

1962 போர் இதையெல்லாம் உலுக்கியது. அசாம், டார்ஜிலிங், ஷில்லாங் முதலிய இடங்களிலிருந்து ஏறத்தாழ 3,000 சீன வமிசத்தினர், குழந்தைகளும் முதியோரும் உட்பட, ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டனர். சிலர் அங்கே ஐந்தாண்டுகள்வரை இருந்தனர். இந்தியாவிலேயே பிறந்து வேறு நாடு அறியாதவர்கள் அவர்களுள் பலர். ரீட்டா சௌதுரி 2010இல் வெளியிட்ட 'மாகாம்' என்ற அசாமிய நாவல் இத்துயரத்தைப் பேசுகிறது. இத்தனை காலம் கழித்தே அது இலக்கியமாயிற்று என்பது நமக்குப் பெருமையன்று. கொல்கத்தாவிலும் கண்காணிப்பும் கட்டுப்பாடுகளும் பல ஆண்டுகள் தொடர்ந்தன. பலர் கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் சென்றனர். 1996இல் தோல் பதனிடும் தொழிலை நகருக்கு வெளியே மாற்ற உச்சநீதிமன்றம் ஆணையிட்டது. டாங்ராவின் பட்டறைகள் பல உணவகங்களாயின. ஒருகாலத்தில் 20,000 பேர் இருந்ததாகச் சொல்லப்படும் சமூகத்தில் இன்று சுமார் 2,000 பேர். சீனப் பள்ளிகள் மாணவரின்றி மூடப்பட்டன. 1969 முதல் வெளிவந்த 'சியோங் போ' சீன நாளிதழ், அதன் முதிய ஆசிரியர் காலமான 2020இல் நின்றுபோயிற்று.

மொழி இப்படித் தேய்ந்தும் சிங்கம் இன்னும் ஆடுகிறது. கலைகள் மொழியை முந்திச் சாகும் என்று பொதுவாக எண்ணுகிறோம். இங்கே எழுத்து முதலில் போய்விட்டது, முரசு நிற்கிறது. டாங்ராவின் காளி கோயிலிலோ நூடுல்ஸும் சாப்சுயியும் நைவேத்தியமாகின்றன. இதைக் கலப்படம் என்று முகம் சுளிக்கும் தூய்மைவாதிகள் இரு பக்கமும் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மலேசியாவில் தமிழ் இளைஞர்களும் சிங்கத் தலையைத் தாங்குகிறார்கள்; ஆட்டம் அதனால் குறைந்துவிடவில்லை.

டொராண்டோவில் இவர்கள் நடத்தும் உணவகங்களுக்கு 'ஹக்கா' என்று பெயர். அங்கே சில்லி சிக்கன் கேட்டு வருவோரில் இந்தியரும் ஈழத்தமிழரும் ஏராளம். புத்தாண்டை ஒட்டிய வாரங்களில் டாங்ராவிலிருந்து பேருந்துகள் அச்சிப்பூருக்குக் கிளம்புகின்றன. கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்தவர்களும் அதில் இருப்பார்கள். நிலத்தெய்வத்தின் சிறு கோயிலில் ஊதுபத்தி ஏற்றிவிட்டு, ஆற்றங்கரையில் குதிரை லாட வடிவில் சிவப்புப் பூசி நிற்கும் அச்சூவின் சமாதிக்கு நடந்து செல்கிறார்கள்.