53 சத்திரங்களும் இரண்டேகால் மணி நேரமும்



ஜப்பானில் டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு இன்றைக்கு வேக ரயிலில் சுமார் இரண்டேகால் மணி நேரம். முதல்முறையாக அங்கே போகிறவர்கள் திட்டம் போடும்போது இந்த எண்ணைத்தான் முதலில் பிடித்துக்கொள்கிறார்கள். "ரெண்டேகால் மணி நேரம்தானே சார், காலையில ஒரு ஊர், சாயங்காலம் ஒரு ஊர்னு பார்த்துடலாம்" என்கிறார்கள். அதே வழியை 250 ஆண்டுகளுக்கும் மேலாக மனிதர்கள் கால்நடையாகக் கடந்திருக்கிறார்கள். அவர்கள் எப்படிப் போனார்கள் என்று தெரிந்துகொண்டால், எட்டு நாள் பயணத்தை எப்படிப் பிரிப்பது என்பதும் தெரிந்துவிடும் என்பது என் எண்ணம். சரித்திர வாத்தியார் நேராக விஷயத்துக்கு வரமாட்டார் என்று உங்களுக்குத் தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதை எழுதக் காரணம், நம் பள்ளியில் படித்த ஒரு மாணவன் அனுப்பிய திட்டம். எட்டு இரவுகள். டோக்கியோ 2, ஹக்கோனே 1, கனாஸாவா 1, கியோட்டோ 1, ஒசாகா 1, ஹிரோஷிமா 1, மறுபடி டோக்கியோ 1. கூட வருவது அவனுடைய அம்மா. அறுபத்தாறு வயது, முழங்கால் வலி உண்டு, இதுவரை விமானம் ஏறியதில்லை. மகனைத் தனியாளாக வளர்த்த அம்மாவுக்கு மகன் கொடுக்கும் முதல் வெளிநாட்டுப் பயணம். அனேகமாக ஒரே பயணமாகவும் இருக்கலாம். எண்ணிப் பார்த்தேன். எட்டு இரவுக்கு ஏழு ஓட்டல்!

இப்போது 1601-க்குப் போவோம். அதற்கு முந்தைய ஆண்டு செகிகஹாரா போரில் வென்ற டோக்குகாவா இயயாசு, எடோவிலிருந்து கியோட்டோ வரையிலான கடலோரச் சாலையை ஒழுங்குபடுத்தத் தொடங்கினார். எடோதான் இன்றைய டோக்கியோ. சாலைக்கு டோக்கைடோ என்று பெயர். நீளம் சுமார் 490 கி.மீ. எடோவின் நிஹோன்பாஷி பாலத்துக்கும் கியோட்டோவின் சன்ஜோ பாலத்துக்கும் நடுவே 53 தங்கல் ஊர்கள் அமைந்தன. சராசரியாக ஒன்பது கிலோமீட்டருக்கு ஒன்று. அதாவது, ஒருவன் எவ்வளவு தூரம் நடந்தாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு திண்ணையும் ஒரு குவளைத் தேநீரும் கிடைக்கும். பிரபுக்கள் தங்கத் தனி மாளிகை, சாதாரண ஜனங்களுக்குச் சத்திரம். சத்திரத்தில் நுழைந்ததும் கால் கழுவ வெந்நீர் வைப்பார்கள். இரவுச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் உண்டு.

1635-இல் ஒரு சட்டம் வந்தது. ஒவ்வொரு மாகாணப் பிரபுவும் ஓராண்டு எடோவில், ஓராண்டு தன் ஊரில் மாறி மாறி இருக்க வேண்டும். மனைவி மக்கள் எப்போதும் எடோவிலேயே இருக்க வேண்டும். நாகரிகமாகச் சொன்னால் விருந்தினர், உள்ளபடி சொன்னால் பிணைக்கைதிகள். இதனால் சாலைகளில் ஆண்டுதோறும் பிரபுக்களின் ஊர்வலம். அந்தச் செலவிலேயே அவர்களின் கஜானா கரைந்தது. கலகம் செய்யப் பணம் மிஞ்சவில்லை. சாலைகளில் இருந்த சோதனைச் சாவடிகளில் இரண்டு விஷயங்களைத்தான் குறிப்பாகத் தேடினார்கள்: எடோவுக்குள் வரும் துப்பாக்கி, எடோவைவிட்டு வெளியேறும் பெண். பத்தாம் வகுப்பில் இதைப் பாடமாக வைத்திருந்தால் ஒருவனும் தூங்கியிருக்க மாட்டான்.

ஆனால் பயணத்தின் வேகத்தை நிர்ணயித்தது பிரபுவும் இல்லை, சாவடியும் இல்லை, ஆறு. ஷிமடா, கனாயா என்ற இரண்டு தங்கல் ஊர்களுக்கு நடுவே ஓயி ஆறு. அதில் பாலம் கட்டவும் படகு விடவும் அரசு அனுமதிக்கவில்லை. சுமைதூக்கிகள் தோளிலோ பல்லக்குப் பலகையிலோ ஆட்களைத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கி அக்கரை சேர்த்தார்கள். கூலி, தண்ணீரின் ஆழத்தைப் பொறுத்தது. தொடையளவுக்கு ஒரு விலை, இடுப்பளவுக்கு ஒரு விலை, மார்பளவுக்கு ஒரு விலை. அதற்கும் மேலே போனால் ஆற்றை மூடிவிடுவார்கள். பிறகு சில நாட்கள், மழை வலுத்தால் வாரக்கணக்கில், ஷிமடாவிலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். பிரபுவும் உட்கார்ந்திருப்பார், பிச்சைக்காரனும் உட்கார்ந்திருப்பான்.

இப்படியெல்லாம் போனாலும் எடோவிலிருந்து கியோட்டோவுக்கு நடந்து போக 12 முதல் 15 நாட்கள் வரைதான் ஆனது. ஒரு நாளைக்கு 30 முதல் 40 கிலோமீட்டர். கொஞ்சநஞ்ச நடையா அது? விடியற்காலை நான்கு மணிவாக்கில் கிளம்பி, வெளிச்சம் இருக்கும்போதே சத்திரம் சேர்ந்துவிடுவார்கள். இருட்டியபின் நடப்பதில்லை. "இன்று எத்தனை ஊர் பார்க்கலாம்" என்பது அவர்கள் கேள்வி அல்ல, "இன்று இரவு எங்கே படுக்கை" என்பதே கேள்வி.

இந்தச் சாலையில் நடந்தவர்களில் பெரும்பாலோர் அதிகாரிகள் என்று எண்ண வேண்டாம். இசே கோயிலுக்குப் போன யாத்திரிகர்கள் ஏராளம். இதற்காகக் கிராமங்களில் ஒரு ஏற்பாடு இருந்தது. ஊரார் சேர்ந்து மாதாமாதம் சிறுதொகை போட்டுவைப்பார்கள். குலுக்கலில் பெயர் வந்தவர்கள் எல்லோர் சார்பிலும் இசேக்குப் போய் வருவார்கள். நம்மூர் ஏலச்சீட்டு, குலுக்கல் சீட்டு எல்லாம் உங்களுக்கு நினைவு வரும். ஆயுளில் ஒருமுறை கிடைக்கும் பயணம் என்பதால், ஒரு வழியாகப் போய் மறு வழியாகத் திரும்புவார்கள். போகும்போது டோக்கைடோ, வரும்போது கிசோ மலைச்சாலை. பார்த்த ஊரையே திரும்பப் பார்ப்பானேன் என்ற கணக்கு. இந்தப் பயணங்களைக் கேலியும் கிண்டலுமாக எழுதி 1802 முதல் வெளியிட்டார் ஜிப்பென்ஷா இக்கு. அந்த நூலின் தலைப்பில் ஒரு வேடிக்கை: சொந்த முழங்காலையே குதிரையாக்கிப் போவது என்று பொருள். 1833-34-இல் ஹிரோஷிகே இதே 53 ஊர்களையும் வண்ண மரச்சித்திரங்களாக வரைந்து புகழ்பெற்றார். தொடக்கமும் முடிவும் சேர்த்து 55 படங்கள்.

நடுவே ஒரு செய்தி. அந்தக் காலத்து ஜப்பானில் கோடு போட்ட ஒருவகைப் பருத்தித் துணிக்கு 'சந்தொமே' என்று பெயர். டச்சுக் கப்பல்களில் சோழமண்டலக் கரையிலிருந்து போன துணி. பெயர் நம் மயிலாப்பூர் சாந்தோமிலிருந்து வந்தது. யார் யார் எங்கெங்கே போயிருக்கிறார்கள் பாருங்கள். சரி, சாலைக்குத் திரும்புவோம்.

1872-இல் ஷிம்பாஷிக்கும் யோகோஹாமாவுக்கும் இடையே ஜப்பானின் முதல் ரயில் ஓடியது. 29 கி.மீ., 53 நிமிடம். 1889-இல் கோபே வரை தண்டவாளம் முழுமையானது. டோக்கியோவிலிருந்து சுமார் 20 மணி நேரம். இரண்டு வாரம் ஒரே நாளாகச் சுருங்கியது. 1930-இல் 'சுபாமே' விரைவு ரயில் ஒசாகாவுக்கு 8 மணி 20 நிமிடத்தில் போனது. 1958-இல் வந்த 'கொடாமா' ஏழு மணி நேரத்துக்கும் குறைவாக எடுத்துக்கொண்டது. கொடாமா என்றால் எதிரொலி. காலையில் போய் இரவே திரும்பிவிடலாம் என்பதால் அந்தப் பெயர். 1964 அக்டோபர் 1 அன்று, டோக்கியோ ஒலிம்பிக்குக்கு ஒன்பது நாள் முன்னதாக, ஷின்கன்சென் புறப்பட்டது. முதலில் ஒசாகாவுக்கு நான்கு மணி நேரம், மறு ஆண்டே 3 மணி 10 நிமிடம். அதைக் கட்டுவித்த ரயில்வே தலைவர் சோகோ ஷின்ஜியும் தலைமைப் பொறியாளர் ஷிமா ஹிதேயோவும் செலவு எகிறியதால் 1963-லேயே பதவி விலகியிருந்தார்கள். திறப்பு விழாவுக்கு அவர்களுக்கு அழைப்பில்லை. இது எல்லா நாட்டிலும் நடப்பதுதான்.

எதிரொலி என்ற பெயரைக் கவனியுங்கள். போய்த் திரும்புகிறவனுக்காக, அதாவது அலுவலகக்காரனுக்காக, வைத்த பெயர் அது. கையில் ஒரு பை, காலையில் கூட்டம், இரவு வீடு. அவனுக்கு இரண்டேகால் மணி நேரம் என்பது உண்மையான கணக்கு. பெட்டி தூக்கிக்கொண்டு ஊர் மாறும் நம்மைப் போன்றவர்களுக்கு அந்தக் கணக்கு செல்லாது. ஜப்பானிய ஓட்டல்களில் பொதுவாகக் காலை 10 அல்லது 11 மணிக்கு அறையைக் காலி செய்ய வேண்டும். அடுத்த ஊரில் அறை கிடைப்பது பிற்பகல் 3 மணிக்கு. நடுவே நமக்கு வீடு இல்லை. பெட்டி கட்டுவது, ஸ்டேஷன் போவது, தளம் தேடுவது, இறங்கி வழி கண்டுபிடிப்பது எல்லாம் சேர்த்தால் ஊர் மாறும் ஒவ்வொரு நாளிலும் பாதி நாள் போய்விடும். ரயில் 300 கி.மீ. வேகத்தில் போனாலும் பாதி நாள், 30 கி.மீ. வேகத்தில் போனாலும் பாதி நாள். அவன் திட்டத்தில் ஆறு மாற்றங்கள். மூன்று முழு நாட்கள் லிஃப்ட் வாசலிலும் படிக்கட்டிலும் கரையும்.

இன்னொன்று. ஜப்பான் நமக்கு மூன்றரை மணி நேரம் முந்தியது. அங்கே காலை ஏழுக்கு எழுப்பினால் அந்த அம்மாளின் உடம்புக்கு விடியற்காலை மூன்றரை. முதல் இரண்டு மூன்று நாட்கள் இப்படித்தான் இருக்கும். அந்த நாட்களில்தான் அவன் ஹக்கோனே மலையேற்றத்தை வைத்திருக்கிறான்.

ஆகவே அவனுக்கு எழுதியது இது. டோக்கியோ 3 இரவு, கியோட்டோ 4 இரவு, கடைசியாக ஒசாகா 1 இரவு, அங்கிருந்தே விமானம். இசே யாத்திரிகர் சொல்லிக்கொடுத்ததுதான்: ஒரு வாசலில் நுழைந்து மறு வாசலில் வெளியேறு. டோக்கியோவுக்குத் திரும்பி ஓடும் ஒரு நாள் மிச்சம். ஊர் மாற்றம் ஆறிலிருந்து இரண்டாகக் குறைகிறது.

கனாஸாவாவை நானே வெட்டினேன், மனம் வராமல்தான். அவ்வூர் மாயேடா பிரபு ஆயிரக்கணக்கான ஆட்களோடு ஏறக்குறைய இரண்டு வாரம் நடந்து எடோ வந்து சேர்வார். இன்று டோக்கியோவிலிருந்து இரண்டரை மணி நேரம். ஆனால் 2024 முதல் அங்கிருந்து கியோட்டோ போக சுருகாவில் ரயில் மாற வேண்டும். முழங்கால் வலிக்காரருக்குப் பெட்டியோடு ஒரு மாற்றம் என்பது சின்ன விஷயம் இல்லை. ஹக்கோனேவும் போகட்டும், டோக்கியோவில் முதல் நாள் முழுக்க ஒன்றும் வேண்டாம். நாரா, கியோட்டோவிலிருந்து முக்கால் மணி நேரம். பெட்டியில்லாமல் போய் இரவு அதே படுக்கைக்குத் திரும்பலாம்.

ஹிரோஷிமா பற்றித்தான் எங்களுக்குள் வாக்குவாதம். கியோட்டோவிலிருந்து ஒன்றே முக்கால் மணி நேரம், போய்த் திரும்பலாம் என்பது சரி. ஆனால் அந்த நினைவு அருங்காட்சியகத்திலிருந்து வெளியே வரும் யாரும் உடனே அடுத்த இடத்துக்குப் படம் எடுக்க ஓடக்கூடாது என்பது என் பிடிவாதம். போனால் அன்றைக்கு அது மட்டும். மறுநாள் வெறுமனே இருக்க வேண்டும். முடியாதென்றால் இந்தப் பயணத்தில் வேண்டாம்.

ஏழு நாள் ரயில் பாஸ் வாங்கட்டுமா என்றும் கேட்டான். 2023 அக்டோபரில் அதன் விலை 29,650 யென்னிலிருந்து 50,000 யென்னாக ஏறிவிட்டது. டோக்கியோ-கியோட்டோ ஒருவழிச் சீட்டு ஏறக்குறைய 14,000 யென். பாஸ் வாங்கினால், கொடுத்த காசுக்கு ஓட வேண்டும் என்று காலில் சக்கரம் கட்டிக்கொள்வோம். தனிச்சீட்டே போதும்.

பெட்டியைப் பற்றிக் கவலை வேண்டாம். டோக்கைடோவின் ஒவ்வொரு தங்கல் ஊரும் 100 ஆட்களும் 100 குதிரைகளும் வைத்திருக்க வேண்டும் என்று விதி இருந்தது. அரசாங்கச் சுமை ஊருக்கு ஊர் கைமாறிப் போகும். 1976-இல் யமாட்டோ நிறுவனம் 'தக்யூபின்' என்று வீட்டுக்கு வீடு பார்சல் சேவை தொடங்கியது. இன்று டோக்கியோ ஓட்டல் முகப்பில் பெட்டியைக் கொடுத்தால் பெரும்பாலும் மறுநாள் கியோட்டோ ஓட்டலில் இருக்கும். ஒரு இரவுக்கு வேண்டிய துணியும் மாத்திரைகளும் மட்டும் கைப்பையில். பெரிய பெட்டியோடு ரயிலேறினால் அதற்கென்று முன்பதிவு வேண்டும். நீள அகல உயரம் கூட்டி 160 செ.மீ. தாண்டினால் இந்த விதி.

நானும் என் துணைவியாரும் போனபோது கியோட்டோவில் ஒரு நாளைக் காலியாகவே விட்டிருந்தோம். சன்ஜோ பாலத்தருகே காமோ ஆற்றங்கரையில் ஆற அமர உட்கார்ந்து கொக்குகளைப் பார்த்தோம். 53 ஊர் நடந்து வந்தவர்கள் முடித்த இடம் அதுதான் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன்; அவர் கொக்கைத்தான் பார்த்தார்.

கடைசியாக ரயில். அவனுக்கு நான் சொன்னது, டோக்கியோவிலிருந்து போகும்போது அதிவேக நோஸோமி வேண்டாம், எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும் கொடாமாவில் போ என்பது. இந்தக் காலத்துக் கொடாமா கியோட்டோவுக்கு ஒன்றரை மணி நேரம் போல அதிகம் எடுக்கும். வேக ரயிலுக்கு வழிவிட்டுச் சில ஸ்டேஷன்களில் சில நிமிடம் நிற்கும். ஒடாவரா, மிஷிமா, கக்கேகாவா, ஹமமட்சு எல்லாம் அந்த 53-இல் உள்ள பெயர்கள். சாப்பாட்டுக்கு, சைவமாக இருப்பவர்கள் கவனம். காய்கறி என்று நினைப்பதிலும் மீன் சாறு இருக்கும். கையில் புளியோதரை கட்டிக்கொண்டு போனால் யாரும் தடுக்கமாட்டார்கள், ரயிலில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டுதான் வருகிறார்கள்.

வலதுபக்க ஜன்னல் இருக்கையைக் கேட்டு வாங்கு. மேகம் இல்லையென்றால் மிஷிமாவுக்குப் பிறகு ஃபுஜி மலை தெரியும். ஷிசுவோகா ஸ்டேஷன் தாண்டி, சுரங்கங்கள் முடிந்தபின், அகலமான கூழாங்கல் ஆறு ஒன்று வரும். அதுதான் ஓயி. அம்மாவை எழுப்பிக் காட்டு. பத்துப் பதினைந்து விநாடியில் கடந்துவிடும்.