ஹியூகோவின் கண்ணுக்குள்: காற்றின் வேகமும் விமானத்தின் ஆபத்தும்

புயலின் கண் அமைதியானது, அங்கு வந்து சேர்ந்த விமானம் தப்பிவிட்டது என்று பரவலாக நம்பப்படுகிறது. காற்று எவ்வளவு வேகமோ அவ்வளவு ஆபத்து என்ற கணக்குதான் இந்த நம்பிக்கைக்கு அடிப்படை. அந்தக் கணக்கே பிழையானது என்பது இக்கட்டுரையின் வாதம்.

மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் காற்று ஒரே சீராக வீசினால் விமானமும் அதனோடு நகரும். தடம் விலகுமே தவிர இறக்கைகளுக்குக் கூடுதல் சுமை ஏறாது. சில நூறு மீட்டர் தொலைவுக்குள் காற்றின் வேகமும் திசையும் ஏற்ற இறக்கமும் சட்டென மாறும்போதுதான் விமானம் முறியும் அளவுக்கு உலுக்கப்படுகிறது. அந்த மாற்றம் பெரும்பாலும் கண்ணைச் சூழ்ந்த மேக வளையமான கண்சுவரின் உள்விளிம்பில்தான் மிகக் கூர்மையாக இருக்கும்.

1943 ஜூலை 27 அன்று டெக்சாஸ் கரையில் அமெரிக்க விமானி ஜோசப் டக்வொர்த் ஒற்றை எஞ்சின் பயிற்சி விமானத்தில் சூறாவளியின் கண்ணுக்குள் புகுந்து பத்திரமாகத் திரும்பினார். துணிச்சலான செயல். ஆனால் அதிலிருந்து பொதுவிதி எதையும் வருவிக்க இயலாது என்பதை 1989 செப்டம்பர் 15 காட்டியது.

அன்று அமெரிக்க ஆய்வு விமானமான ஓரியான், பார்படோசுக்குக் கிழக்கே ஹியூகோ சூறாவளியின் கண்சுவரை வெறும் 450 மீட்டர் உயரத்தில் ஊடுருவியது. கண்ணை எட்டும் தறுவாயில் அடுத்தடுத்து மூன்று பேருலுக்கல்கள். விமானத்தின் வடிவமைப்பு வரம்பை மீறிய விசை தாக்கியது. நான்கு எஞ்சின்களில் ஒன்று தீப்பற்றியதால் அதை நிறுத்த வேண்டியதாயிற்று. விமானம் கடலுக்கு மேல் 300 மீட்டருக்கும் கீழே இறங்கிய பிறகே விமானிகளால் அதை மீட்க முடிந்தது. கண்சுவரின் விளிம்பில் பதுங்கியிருந்த சிறு சுழல் ஒன்றே காரணம் என்று பிராங்க் மார்க்சும் சக ஆய்வாளர்களும் 2008இல் விரிவாக நிறுவினர். மார்க்ஸ் அந்த விமானத்திலேயே இருந்தவர்.

கண்ணுக்குள் காற்று தணிந்திருந்தது உண்மை. அங்கே மேலிருந்து இறங்கும் காற்று வெப்பமடைந்து மேகங்களைக் கரைக்கிறது. ஆயினும் ஹியூகோவின் மைய அழுத்தம் 918 ஹெக்டோபாஸ்கல். வழக்கமான கடல்மட்ட அழுத்தத்துக்கு அமைத்த உயரமானி அங்கே ஏறத்தாழ 800 மீட்டர் கூட்டிக் காட்டும். தாழப் பறப்பவர்கள் ரேடார் உயரமானியைத்தான் நம்பியாக வேண்டும். தவிர, கண்ணுக்குச் சுவரைத் தவிர வேறு வாசல் கிடையாது. மூன்று எஞ்சின்களோடு விமானம் எரிபொருளைக் கொட்டி எடையைக் குறைத்து, ஏறத்தாழ ஒரு மணி நேரம் வட்டமிட்டபடியே உயரம் ஏறியது.

வேகம் கூடினால் விளிம்பும் கூர்மையாகும், ஆகவே வேகமே போதிய அளவுகோல் என மறுக்கலாம். சராசரியாக அது பொருந்தும். ஆனால் விமானம் கடப்பது சராசரியை அல்ல, சுவரின் ஒரு குறிப்பிட்ட துண்டை. ஹியூகோவிலேயே விமானப்படையின் இன்னொரு விமானம் சுவரைச் சோதித்து, வடகிழக்கில் சற்றுத் தளர்வான பகுதியைக் கண்டு சொன்னது. சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் அவ்வழியே வெளியேறிய ஓரியான், நுழைவின்போது கண்ட உலுக்கலைச் சந்திக்கவில்லை. உயரமும் உதவியிருக்கும், இன்று வலுத்த புயல்களை வழக்கமாக 3,000 மீட்டர் அளவில் கடப்பதும் அதனால்தான். ஆனால் 2,100 மீட்டரிலும் சுவரின் காற்று சூறாவளி வேகத்தை விட்டு இறங்குவதில்லை. காற்றின் வேகத்தை வைத்துத் தரும் புயலின் தரவரிசை எண் நுழைவுக்கும் வெளியேற்றத்துக்கும் ஒன்றே.