டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு 16 பின் சாக்கெட்

நெல் அறுப்பு முடிஞ்ச கையோட நம்ம பழைய பெட்ரோல் காரில் மஞ்சள் என்ஜின் விளக்கு எரிய ஆரம்பிச்சுது. டவுனில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் கருவியைச் சொருகிப் பார்த்துட்டு, "ஆக்சிஜன் சென்சார் மாத்தணும்"னாங்க. என்ன கோடு வந்துச்சுன்னு கேட்டேன். "அதெல்லாம் உங்களுக்குப் புரியாதுங்க அண்ணா"ன்னு பதில்.

என் வண்டி, என் காசு, எனக்குப் புரியாதாம். வீட்டுக்கு வந்து, நாமே ஒரு ஸ்கேனர் வாங்கிடலாம்னு தேட ஆரம்பிச்சேன். கடையில் சில நூறு ரூபாய்க்கும் இருக்கு, லட்ச ரூபாய்க்கும் இருக்கு. ஏன் இவ்வளவு வித்தியாசம்னு படிச்சுக்கிட்டே போனா, கதை ஒரு கீரைப் பாத்தியில் போய் நின்னுச்சு. நம்ம ஊர்ப் பாத்தி இல்லீங்க, அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம்.

1943 ஜூலையில் அந்த ஊரை ஒரு புகைமூட்டம் சூழ்ந்துச்சு. கண்ணெரிச்சல், தொண்டைக் கமறல். போர்க்காலம் வேற, ஜப்பான்காரன் விஷவாயு விட்டுட்டானோன்னு கூடச் சிலர் பயந்தாங்க. அதுக்கப்புறம் அந்த ஊரைச் சுத்திக் காய்கறி போட்ட விவசாயிகள் ஒண்ணைக் கவனிச்சாங்க. பசலை, பீட்ரூட், லெட்யூஸ் இலைகளோட அடிப்பக்கம் வெள்ளி மாதிரியும் வெண்கலம் மாதிரியும் பளபளத்துக் கருகுது. பூச்சியும் இல்லை, பூஞ்சையும் இல்லை.

இதை ஆராய வந்தவர் ஆரி ஹாகன்-ஸ்மிட், நெதர்லாந்தில் பிறந்த வேதியியல் பேராசிரியர். கால்டெக்கில் அவர் அப்போ பண்ணிக்கிட்டிருந்தது அன்னாசிப்பழத்தோட மணத்தைப் பிரிச்செடுக்கிற வேலை. அதே கைப்பழக்கத்தில் ஊர்க்காத்தைக் குளிரவச்சுப் பிடிச்சு, உள்ளே என்ன இருக்குன்னு பார்த்தார். வண்டிப் புகையிலும் எண்ணெய் ஆலைகளிலும் இருந்து வர்ற ஆவியும் நைட்ரஜன் ஆக்சைடும் வெயிலில் சேர்ந்து ஓசோனா மாறுதுன்னு 1950களின் தொடக்கத்தில் காட்டினார். அதே கலவையைக் கூண்டுக்குள் உண்டாக்கிச் செடியை வச்சா, அதே பளபளப்பு. எண்ணெய்க் கம்பெனித் தரப்பு சுலபமா ஒத்துக்கல. ஆனா 1967இல் கலிபோர்னியா காற்று வள வாரியம் அமைஞ்சப்போ, அதுக்கு முதல் தலைவரானவர் இவர்தான்.

புகையைக் கட்டுப்படுத்தணும்னா என்ஜினுக்குள்ள போற காத்துக்கும் பெட்ரோலுக்கும் அளவு தப்பக்கூடாது. எடையில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காத்து. கார்புரேட்டரைத் திருகித் திருகி அந்த அளவை நாள் முழுக்கப் பிடிச்சு வைக்க முடியாது. அதனால சென்சார் வந்துச்சு, சென்சார் சொல்றதைக் கேட்டு அளவை மாத்தக் கம்ப்யூட்டர் வந்துச்சு. 1981 வாக்கில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் பெட்ரோல் கார்களில் பரவலா அதைப் பொருத்துச்சு.

அந்தக் கார்களில் ஸ்கேனர் இல்லாமலே கோடு பார்த்தாங்கன்னா நம்புவீங்களா? டேஷ்போர்டுக்குக் கீழே 12 பின் சாக்கெட். அதில் ஏ, பி ரெண்டையும் ஒரு பேப்பர் கிளிப்பால் இணைச்சுட்டுச் சாவியைத் திருப்பினா, என்ஜின் விளக்கு கண்சிமிட்டும். ஒரு தடவை சிமிட்டி, கொஞ்சம் நின்னு, ரெண்டு தடவை சிமிட்டினா 12. நோட்டில் குறிச்சுக்க வேண்டியதுதான். எனக்கு ரொம்பப் பிடிச்ச காலம் இது. ஆனா ஒவ்வொரு கம்பெனிக்கும் தனிச் சாக்கெட், தனிப் பாஷை.

1988 மாடல் கார்களில் இருந்து, வண்டி தன்னையே சோதிச்சுக்கணும்னு கலிபோர்னியா கட்டாயமாக்குச்சு. 1990இல் அமெரிக்கக் காற்றுச் சட்டத்தைத் திருத்தினப்போ இன்னொரு முக்கியமான விஷயமும் சேர்ந்துச்சு: புகை சம்பந்தமான பழுதுத் தகவலைக் கம்பெனிகள் வெளி மெக்கானிக்குக்கும் கொடுத்தாகணும். 1996 மாடலில் இருந்து அங்கே விக்கிற எல்லாக் காரிலும் ஒரே 16 பின் சாக்கெட், பொதுவான கோடுகள். அதுதான் ஓபிடி 2. பி0301னா எந்தக் கம்பெனி வண்டியா இருந்தாலும் முதல் சிலிண்டர் சரியா எரியலைன்னு அர்த்தம்.

இங்கேதான் ஸ்கேனர் வாங்குறவங்க ஏமாறுறாங்க. சட்டம் திறந்துவிட்டது புகைக் கதவை மட்டும்தான். ஏபிஎஸ், ஏர்பேக், சாவி, பவர் ஸ்டீயரிங் எல்லாம் கம்பெனியோட சொந்தப் பாஷையிலேயே நின்னுடுச்சு. சில நூறு ரூபாய்க் கருவி ஏபிஎஸ் விளக்கைப் பத்தி வாயே திறக்காததுக்குக் காரணம், அந்தச் சட்டம் அந்தக் கதவைத் திறக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தலைங்கிறதுதான். அந்தப் பாஷைகளைக் கத்துக்கிட்ட கருவிக்குத்தான் பெரிய விலை.

நம்ம நாட்டில் 2010 ஏப்ரலில் பிஎஸ் 4 விதியோட 13 பெருநகரங்களில் ஓபிடி நுழைஞ்சுது. 2013 ஏப்ரலில் அது ஓபிடி 2 ஆச்சு. நாடு முழுக்க பிஎஸ் 4 வந்தது 2017இல். அதனால கருவி வாங்குறதுக்கு முன்னாடி வண்டியோட ஆர்சி புக்கைப் பாருங்க. அதுக்கு முந்தின வண்டியில் 16 பின் சாக்கெட் இருந்தாலும் பொதுக்கருவி பேசும்னு உறுதியில்லை. கருவியையும் உதிரி பாகத்தையும் வெளி மெக்கானிக்குகளுக்குத் தராம வச்சிருந்ததுக்காக, 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல அபராதம் போட்டுச்சு. அது மேல்முறையீடு, கோர்ட்டுன்னு இழுத்துக்கிட்டுப் போனது வேற கதை.

போனோட புளூடூத்தில் சேர்ற சின்ன டப்பாக்களுக்கு மூலம் ஈஎல்எம்327ங்கிற சிப். கனடாவில் ஒரு சின்னக் கம்பெனி செஞ்சது. முதல் பதிப்புக்குள்ள இருந்த நிரலைப் பூட்டாம விட்டுட்டாங்க, உலகமே நகலெடுத்துடுச்சு. கடையில் 1.5 பதிப்புன்னு போட்டு விப்பாங்க. அப்படி ஒரு பதிப்பை அந்தக் கம்பெனி வெளியிட்டதே இல்லை. நகல் எல்லாமே குப்பைன்னு சொல்லமாட்டேன். கோடு படிக்க, அழிக்க ஓடும். சிலது பாதியில் நின்னுடும். எதுவானாலும் வேலை முடிஞ்சதும் கழட்டிடுங்க. 16ஆம் பின்னில் எப்பவும் பேட்டரி கரண்ட் இருக்கு, ரொம்ப நாள் நிறுத்திவச்சா பேட்டரி இறங்கிடும்.

வீட்டு வேலைக்கு நான் கேட்கிறது ரெண்டுதான். ஒண்ணு, என்ஜின் ஓடும்போதே சென்சார் அளவுகளைக் காட்டணும். இன்னொண்ணு, ரெடினெஸ் நிலை தெரியணும். யாராவது கோடுகளை அழிச்சா அந்தச் சோதனைகளும் சேர்ந்து அழிஞ்சு, கொஞ்ச நாள் ஓட்டின பிறகுதான் முழுசாகும். பழைய கார் வாங்கப் போற இடத்தில் பல சோதனை முடியாம இருந்தா, விளக்கை நேத்துத்தான் அணைச்சாங்களோன்னு சந்தேகப்படலாம். பேட்டரியைக் கழட்டினாலும் இப்படி ஆகலாம், அதையும் கேட்டுக்கோங்க.

நான் போனை நம்பாம, சின்னத் திரை உள்ள கைக்கருவி ஒண்ணு வாங்கினேன். வந்த கோடு பி0171. பெட்ரோல் குறைவு, காத்து அதிகம்னு அர்த்தம். சென்சார் கெட்டுப்போச்சுன்னு அது சொல்லவே இல்லை. காத்து அதிகமா வருதுன்னு சென்சார் சரியாத்தான் சொல்லுது. பானெட்டைத் திறந்து குழாய் குழாயாத் தடவிப் பார்த்தேன். வேக்கம் குழாய் ஒண்ணில் எலி கடிச்ச ஓட்டை. ஒரு சாண் ரப்பர் குழாய் வாங்கி மாட்டி, கோடை அழிச்சேன். விளக்கு திரும்ப வரலை. எலி மட்டும் இன்னும் வைக்கோல் போரில்தான் இருக்கு.