சித்திரை இடியும் யாழ்ப்பாணத்து மழைக் கணக்கும்

சித்திரைப் புத்தாண்டு பிறக்கும் நாட்களில் சூரியன் யாழ்ப்பாணத்துக்கு நேர்மேலே நிற்கிறது. ஏப்ரல் முதல் வாரத்தில் இலங்கையின் தென்கரையில் உச்சிகொள்ளும் கதிரவன் நாளுக்கு நாள் வடக்கே நகர்ந்து, 15ஆம் திகதியளவில் குடாநாட்டைக் கடக்கிறது. வாடைக்காற்று ஓய்ந்து, சோளகம் இன்னும் எழாத இடைக்காலம் அது. முற்பகலில் வெறுமையாகக் கிடக்கும் வானத்தில், பிற்பகல் இரண்டு மூன்று மணியளவில், தெற்கே வன்னிப் பக்கமாக வெண்முகில் ஒன்று கோபுரம்போல் எழும்பும். அதன் அடி கறுத்து உச்சி பட்டடைபோல் விரியுமாயின் மழை வருவது உறுதி. எங்கே வரும் என்பதைத்தான் எவராலும் சொல்ல முடிவதில்லை. சாவகச்சேரியில் ஒழுங்கை நிறைந்து வெள்ளம் ஓடும். கோப்பாயில் புழுதி பறக்கும்.

இம்மழையை நம் பெரியோர் சிறுமாரி என்றனர். ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் பெருமாரிக்கு எதிரான பெயர் அது. குடாநாட்டுக்கு ஆண்டொன்றுக்குக் கிடைக்கும் 1,200 முதல் 1,300 மில்லிமீற்றர் மழையில் பெரும்பங்கைப் பெருமாரியே கொண்டுவருகிறது. வங்கக் கடலில் உருவாகும் தாழமுக்கம் பல நாள் முன்னரே தன் வரவை அறிவித்து, மாவட்டம் முழுவதையும் ஒரே போர்வையாக மூடிப் பொழியும். சிறுமாரியின் இயல்பு வேறு. நிலம் சூடேற, கடலிலிருந்தும் கடனீரேரியிலிருந்தும் எதிரெதிராக உள்ளே நுழையும் ஈரக்காற்றுகள் தரையின்மேல் முட்டி மேலெழுகின்றன. பன்னிரண்டு, பதினைந்து கிலோமீற்றர் உயரத்துக்கு முகில் வளர்கிறது. ஒரு மணி நேரத்துக்குள் கொட்டித் தீர்த்துவிட்டுக் கலைகிறது. அதன் அகலமோ சில ஊர்களின் அளவுதான்.

அளவிற் சிறிதாயினும் அதன் விளைவு சிறிதன்று. வழுக்கையாற்றைத் தவிர வேறு ஆறில்லாத நிலம் யாழ்ப்பாணம். அதுவும் மாரியில் மட்டுமே ஓடுவது. சுண்ணக்கல்லின் இடுக்குகளில் தங்கிய மழைநீரையே கிணறுகளிலிருந்து இறைத்து ஆண்டு முழுதும் வாழ்கிறோம். 25 மில்லிமீற்றர் மழை ஒரு பரப்புத் தோட்டக்காணியில் ஆறாயிரம் லீற்றருக்கு மேற்பட்ட நீரைத் தருகிறது. கிணற்றடியில் இயந்திரம் வைத்து இறைக்கும் கமக்காரனுக்கு இதன் எரிபொருட் பெறுமதி நன்கு தெரியும். அதே மழை, வெட்டிய புகையிலையின்மீதோ கிளப்பிப் போட்ட வெங்காயத்தின்மீதோ விழுந்தால் ஒரு போகத்தின் உழைப்பு வீணாகும். ஆகவே சித்திரை வானத்தை நிமிர்ந்து பார்க்கும் வழக்கம் குடாநாட்டில் பொழுதுபோக்காகத் தொடங்கியதன்று.

வானத்தைக் கணித்துச் சொல்வதற்கும் யாழ்ப்பாணத்தில் நெடிய மரபு உண்டு. பஞ்சாங்கத்தில் அந்த ஆண்டின் மழைப்பலனும் இடம்பெறும். 1829 மார்ச்சில் நிகழ்ந்த சந்திரகிரகணத்தின்போது, வட்டுக்கோட்டைச் செமினரியின் அமெரிக்க மிஷனரி டானியேல் பூவர் ஒரு கணக்கும், பஞ்சாங்கம் கணித்துப் புகழ்பெற்ற அராலி விசுவநாத சாஸ்திரியார் வேறொரு கணக்கும் சொல்லியிருந்தனர். எது சரியென்று பார்க்க மக்கள் வானத்தை நோக்கிக் காத்திருந்தனர். தம் கணக்கே பொருந்தியது என மிஷனரிமார் எழுதிவைத்தனர். சமயப் பூசலாக இது பலமுறை பேசப்பட்டுவிட்டது. எனக்கு அதில் வேறொன்று முக்கியமாகப் படுகிறது. இரு தரப்பாரும் கணித்தது கிரகணத்தை. அதை நூறாண்டுக்கு முன்பே நிமிட சுத்தமாகக் கணிக்கலாம். இன்று மாலை இடிமழை அச்சுவேலியில் பெய்யுமா, அளவெட்டியில் பெய்யுமா என்பதை இன்று காலை சொல்ல அன்றும் முடியவில்லை, இன்றும் எளிதன்று.

சொல்ல முடியாததை அளக்கலாம் அல்லவா? அந்த வேலை 1870ஐ ஒட்டிய ஆண்டுகளில், நில அளவைத் திணைக்களத்தின் பொறுப்பில், இலங்கையின் முக்கிய நகரங்களில் ஒழுங்காகத் தொடங்கியது. யாழ்ப்பாணமும் அவற்றுள் ஒன்று. 1907இல் கொழும்பு அவதான நிலையம் எழுந்தது. 1948இல் வளிமண்டலவியல் தனித் திணைக்களமாயிற்று. ஏறத்தாழ இதே காலத்தில் இங்கிலாந்தில் ஜோர்ஜ் சைமன்ஸ் என்பவர், வீட்டு முற்றத்தில் மழைமானி வைத்து அளந்து அனுப்பத் தன்னார்வலர்களைத் திரட்டினார். 1860இல் 168 பேருடன் தொடங்கிய அவ்வமைப்பில், அவர் இறந்த 1900ஆம் ஆண்டளவில் மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் இருந்தனர். பாதிரிமார், ஆசிரியர், தோட்டக்காரர் எனப் பலதரப்பட்டவர்கள். ஊதியம் எதுவும் இல்லை. இன்றைய வானிலை ஆர்வலர்களின் முன்னோர் என்று அவர்களைத்தான் சொல்லவேண்டும்.

யாழ்ப்பாணத்தில் அத்தகைய தொண்டர் படை எழவில்லை. அரச மழைமானியே இருந்தது. அதன் கணக்கையும் போர் விட்டுவைக்கவில்லை. குடாநாட்டு மழைவீழ்ச்சித் தொடரை ஆராய்வோர் 1980களின் பிற்பகுதியையும் 1990களையும் எட்டும்போது வெற்றிடங்களைச் சந்திக்கிறார்கள். பத்திரிகைக் கோப்புகளில் தேடலாம் என்றால், 1981இல் யாழ். பொது நூலகம் எரிந்த அதே நாட்களில் ‘ஈழநாடு’ அலுவலகமும் எரிக்கப்பட்டது. பத்திரிகைத் தொழிலில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: மழைச் செய்திக்கு நாங்கள் ஒதுக்கும் இடம் எப்போதும் ஒற்றைப் பத்திதான். ஆனால் ஐம்பது ஆண்டு கழித்துத் தேடிவருபவனுக்குத் தலைப்புச் செய்தியைவிட அந்த ஒற்றைப் பத்தி பயன்படும்.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது மழை பெய்தது. நாவற்குழிப் பாலத்தில் நெருக்குண்டு நின்றவர்கள் குடையைத் தலைகீழாகப் பிடித்து நீர் சேர்த்துப் பிள்ளைகளுக்குப் பருக்கினார்கள் என்று கேட்டிருக்கிறோம். அந்த மழையை நினைவுகூராதவர் இல்லை; அதன் அளவைச் சொல்பவர் இல்லை. மின்சாரமும் மின்கலமும் இல்லாத அக்காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட ஊரில், வானிலை அறிக்கை கடைசி அக்கறையாக இருந்ததில் வியப்பில்லை.

பின்னர் 2008 நவம்பரில் ‘நிஷா’ புயல் வந்தது. ஒரு வாரத்தில் யாழ்ப்பாணத்தில் 520 மில்லிமீற்றர் அளவில் மழை கொட்டியது; 1918க்குப் பின் இதுவே அதிகம் என்று அப்போது செய்திகள் கூறின. இவ்வாக்கியத்தைச் சற்று நின்று படிக்கவேண்டும். 2008இல் ஒருவர் இப்படிச் சொல்வதற்கு, 1918இல் வேறொருவர் காலைதோறும் மழைமானியில் சேர்ந்த நீரை அளந்து ஏட்டில் எழுதியிருக்க வேண்டும். அவர் யாரென்று யாரும் கேட்பதில்லை.

போர் ஓய்ந்தபின் வந்த தலைமுறையிடம் கைத்தொலைபேசியில் செய்மதிப் படம் இருக்கிறது. தமிழ்நாட்டில் 2015 சென்னை வெள்ளத்தின்போது பிரதீப் ஜோன் போன்ற ஆர்வலர்கள் பெற்ற நம்பிக்கை பாக்குநீரிணைக்கு இக்கரையிலும் அவர்களுக்கு வாசகரைத் தேடித்தந்தது. இங்கே யாழ். பல்கலைக்கழகப் புவியியற்றுறையைச் சேர்ந்த கலாநிதி நாகமுத்து பிரதீபராஜா தமிழில் எழுதும் எதிர்வுகூறல்களைக் கமக்காரரும் கடற்றொழிலாளரும் எதிர்பார்த்துப் படிக்கிறார்கள். பத்திரிகைகள் எடுத்து வெளியிடுகின்றன. இளைஞர் சிலருக்கோ காரைக்காலில் இந்திய வானிலைத் துறை நிறுவிய டொப்ளர் ராடாரின் படமே வேதம். காரைக்காலிலிருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ 140 கிலோமீற்றர். அதன் வட்டத்துக்குள் குடாநாடு முழுவதும் அடங்குகிறது. இலங்கையின் தெற்கே கொங்கல மலையில் ராடார் நிறுவ 2000களில் எடுத்த முயற்சி கைகூடவில்லை; புத்தளத்திலும் பொத்துவிலிலும் அமைக்க ஜப்பானுடன் 2017இல் செய்த ஏற்பாடும் ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. எல்லை தாண்டிய மீன்பிடி பற்றி இரு கரையும் பூசலிட்டுக் கொண்டிருக்க, சித்திரை முகிலை மட்டும் அக்கரைக் கண்ணால் பார்த்துக்கொள்கிறோம்.

ராடார் முகிலைக் காட்டும். தரையில் விழுந்த நீரை மதிப்பிடத்தான் செய்யும். அமெரிக்காவின் கொலராடோவில் போர்ட் கொலின்ஸ் என்ற நகரத்தில் 1997 ஜூலை 28இல் நடந்தது இதற்குச் சான்று. நகரின் மேற்குப் புறத்தில் 14 அங்குலத்துக்கு மேல் மழை. சில மைல் கிழக்கே 2 அங்குலம்தான். வெள்ளத்தில் ஐவர் மாண்டனர். அதன்பின், 1998இல், வீட்டுக்கு வீடு மழைமானி வைத்து அளக்கும் தன்னார்வலர் அமைப்பொன்று அங்கு தொடங்கி, பின்னர் நாடு முழுவதும் பரவியது. ஒற்றை நிலையத்தின் கணக்கு இடிமழையை அறியப் போதாது என்பதை அந்நகரம் பெருவிலை கொடுத்துத்தான் தெரிந்துகொண்டது.

நமக்கும் அப்பாடம் வந்தது. 2016 மே நடுப்பகுதியில், பெருமாரிக் காலமே அல்லாத நாட்களில், பின்னர் ‘ரோனு’ புயலான தாழமுக்கம் கிளிநொச்சியில் ஒரே நாளில் 350 மில்லிமீற்றருக்கு மேல் பொழிந்தது. 2019 ஏப்ரல் நடுப்பகுதியில் குப்பிளானில் புகையிலைத் தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்த மூவர், மழைக்கு ஒதுங்கி நின்ற இடத்தில் மின்னல் தாக்கி இறந்தனர். புத்தாண்டு முடிந்து இரண்டொரு நாளே ஆகியிருந்தது. புயலுக்குப் பெயரிடுகிறார்கள், எச்சரிக்கை விடுகிறார்கள், முகாம் திறக்கிறார்கள். பெயரற்ற சித்திரை முகில் மூன்று உயிரைக் கொண்டுபோனால் மறுநாள் ஒற்றைப் பத்தியோடு சரி.

இங்கேதான் ஆர்வலரின் பணி இருக்கிறது என்பது என் எண்ணம். வன்னிக்கு மேலே முகில் எழுவதைப் படத்தில் காணும் இளைஞன், அரைமணி நேரம் முன்னதாகத் தோட்டத்தில் நிற்கும் தந்தைக்குச் சொல்லிவிடலாம். படம் இல்லாதவருக்கும் ஒரு வழி உண்டு: மின்னலுக்கும் இடிக்கும் இடையே எண்ணும் மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீற்றர். முப்பது எண்ணுமுன் இடி கேட்டால் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வீட்டுக்குள் போய்விட வேண்டும். தென்னைமரத்தடியும் வயல்வெளிக் கொட்டிலும் ஒதுங்குமிடம் அல்ல.

இன்னொன்றும் சொல்வேன். ஆர்வலர் பலர் எதிர்வுகூறலில் காட்டும் வேகத்தை அளப்பதில் காட்டுவதில்லை. நாளைய மழையைச் சொல்வதில் ஒரு புகழ் இருக்கிறது. நேற்றைய மழையை எழுதிவைப்பதில் எதுவும் இல்லை. நேரான சுவருள்ள ஒரு பாத்திரம், ஓர் அளவுகோல், ஓர் அப்பியாசக் கொப்பி போதும். மரநிழலும் கூரைத் தூவானமும் படாத முற்றத்தில் வைத்து, நாள்தோறும் காலை எட்டரைக்குப் பார்த்துத் திகதியிட்டு எழுதவேண்டும். திணைக்களம் அளக்கும் நேரமும் அதுவே. வல்வெட்டித்துறையில் ஒருவர், கொடிகாமத்தில் ஒருவர், ஊர்காவற்றுறையில் ஒருவர் என்று முப்பது பேர் பத்தாண்டு எழுதினாலே சிறுமாரி எவ்வழி வந்து எவ்வழி போகிறது என்பது துலங்கிவிடும். ஏப்ரலில் பெரும்பாலான நாட்களுக்கு எதிரே சுழியமே இருக்கும், சுழியத்தையும் எழுதவேண்டும். வெறுமையாக விட்டால், மழை பெய்யவில்லையா, அளப்பவர் ஊரில் இல்லையா என்பது பின்னால் படிப்பவருக்குத் தெரியாது.