மீன் சாப்பிட்டால் அது நோன்பா?

கொஞ்சம் நீண்ட பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

கல்வியியற் கல்லூரி விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்தவன் மன்னாரைச் சேர்ந்த ஒரு கத்தோலிக்க நண்பன். தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் இறைச்சியை ஒதுக்கிவிட்டு மீன் கறியோடு சோறு சாப்பிட்டான். "மீன் சாப்பிட்டா அது என்ன நோன்பு மச்சான்?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுச் சிரித்தேன். அவன் ஒன்றும் பேசவில்லை. அடுத்த ரமழானில் அலாரம் வைத்து என்னை ஸஹருக்கு எழுப்பியவனும் அவன்தான்.

வரலாறு படிப்பிக்கத் தொடங்கிய பிறகுதான் என் கேள்வி எவ்வளவு சின்னத்தனமானது என்று புரிந்தது.

ஆரம்பகாலக் கிறிஸ்தவர்களின் 'திதாகே' என்ற கையேடு வாரத்தில் இரண்டு நாள் நோன்பு நோற்கச் சொல்கிறது. அன்றைய யூத பக்தர்கள் திங்களும் வியாழனும் நோற்றதால், இவர்கள் புதனையும் வெள்ளியையும் எடுத்துக்கொண்டார்கள். திங்களும் வியாழனும் நமக்கு சுன்னத்தான நோன்பு நாட்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

6ஆம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் துறவிகளுக்கு எழுதிய விதிகளில் தவக்காலச் சாப்பாடு ஒரு வேளைதான், அதுவும் மாலையில். காலப்போக்கில் அந்த நேரம் பிற்பகல் 3 மணிக்கும், பிறகு நண்பகலுக்கும் முன்னால் வந்தது. நம் நாட்டுக் கத்தோலிக்கர் இதை 'ஒருசந்தி' என்பார்கள். இறைச்சியைத் தவிர்ப்பது 'சுத்தபோசனம்'. அதாவது இரண்டும் வேறு வேறு. என் நண்பன் அன்று செய்தது இரண்டாவது. நான் அவனிடம் முதலாவதைக் கேட்டிருக்கிறேன்!

இதே சாப்பாட்டு விஷயம் ஐரோப்பாவில் பெரிய பிரச்சினையாகவும் வெடித்தது. 1522 தவக்காலத்தில் சூரிச் நகரில் அச்சகக்காரர் ஃப்ரோஷவர் வீட்டில் சிலர் சொசேஜ் சாப்பிட்டார்கள். கூட இருந்த போதகர் ஸ்விங்லி சாப்பிடவில்லை. ஆனால் உணவு விடயத்தில் விசுவாசிக்குச் சுதந்திரம் உண்டு என்று அவர்களுக்காகப் பிரசங்கம் செய்தார். சுவிஸ் சீர்திருத்தத்தின் தொடக்கம் என்று அந்தச் சாப்பாட்டைச் சொல்வார்கள்.

அதற்காகச் சீர்திருத்தத் திருச்சபைகள் நோன்பைக் கைவிட்டுவிடவில்லை. ஜோன் வெஸ்லி ஒக்ஸ்போர்ட்டில் இருந்த காலத்தில் புதனும் வெள்ளியும் பிற்பகல் 3 மணி வரை சாப்பிடாமல் இருந்தார். 1814இல் இலங்கைக்கு வந்த மெதடிஸ்த மிஷன் அவர் வழி வந்ததுதான்.

எத்தியோப்பியத் திருச்சபையில் நோன்பு இன்னும் கடுமை. பெருநோன்பு மட்டும் 55 நாட்கள். இறைச்சி, பால், முட்டை, நெய் எதுவும் கிடையாது. அவர்கள் மொழியில் நோன்புக்குப் பெயர் 'ஸோம்', நமது 'ஸவ்ம்' என்பதன் உறவுச் சொல். மக்காவில் துன்புறுத்தப்பட்ட ஸஹாபாக்களுக்கு அடைக்கலம் கொடுத்த நஜ்ஜாஷி மன்னர் ஆண்ட அபிசீனியா அதே மண்தான்.

கத்தோலிக்கர் விதிகளை 1966இல் பாப்பரசர் ஆறாம் பவுல் தளர்த்தினார். கட்டாய ஒருசந்தி சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் மட்டும் என்றானது. மற்ற நாட்களில் ஜெபத்தாலும் தர்மத்தாலும் தவம் செய்யும்படி ஊக்குவித்தார். இலேசாக்கிவிட்டார்கள் என்று நாம் சொல்லலாம். ஆனால் ஐந்து வகைக் கடிசாப்பாடும் பலூடாவும் நிறைந்த நமது இப்தார் மேசையை அவர்களில் ஒருவர் பார்த்து, "இதுதானா நோன்பு?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வோம்?

நமக்கு முன்னிருந்தோருக்கும் நோன்பு விதிக்கப்பட்டது என்று குர்ஆன் சொல்வதைச் சின்ன வயதிலேயே மனப்பாடம் செய்தவன் நான். அந்த முன்னிருந்தோரின் வழி வந்தவன் பக்கத்துக் கட்டிலில் இருந்தபோது அதை மறந்துவிட்டேன்.

2025 மார்ச் முதல் வாரத்தில் ரமழானும் சாம்பல் புதனும் சேர்ந்து வந்தன. அன்று அவனுக்குப் போன் எடுத்து மன்னிப்புக் கேட்டேன். "அதையெல்லாம் இன்னும் வச்சிருக்கியா மச்சான்? ஸஹருக்கு இப்ப யார் உன்னை எழுப்புறது?" என்று கேட்டான்.

வல்ல அல்லாஹ் நம் நோன்புகளை ஏற்றுக்கொள்வானாக. அடுத்தவர் நோன்பை அளந்து பார்க்கும் குணத்திலிருந்தும் நம்மைக் காப்பானாக.