அகலத் திரையும் வீட்டுத் திரையும்: கௌபாய் படத்தின் சட்டகம் மாறிய வரலாறு (1949–2020)

அமெரிக்கத் திரைப்பட வகைகளில் தொலைக்காட்சி வழியாக வீட்டுக்குள் முதலில் நுழைந்தவற்றில் ஒன்று கௌபாய் படம். வீட்டுக்கு வந்ததால் அதிகம் சேதப்பட்டதும் அதுவே. அடிதடிப் படத்தைச் சின்னத் திரையில் பார்த்தாலும் அடி விழுவது தெரியும். நகைச்சுவைப் படத்தில் வசனம் காதில் விழுந்தால் பெரும்பாலும் சிரிப்பு வந்துவிடும். கௌபாய் படத்துக்கு அந்த வசதி இல்லை. அதன் பொருளில் பாதி நிலத்தில் இருக்கிறது. குதிரையில் வருபவன் எவ்வளவு தொலைவில் இருக்கிறான், அவனுக்கும் வாசலில் துப்பாக்கியோடு நிற்பவனுக்கும் நடுவே எவ்வளவு வெட்டவெளி கிடக்கிறது என்பதைக் கண்ணால் அளந்தால்தான் காட்சி பிடிபடும்.

அந்த வெட்டவெளியைத் தொலைக்காட்சி, வீடியோ நாடா, லேசர் டிஸ்க், டிவிடி, இணையவழித் திரை ஆகியவை எப்படிக் கையாண்டன என்பதே இந்தக் கட்டுரையின் பொருள். திரையரங்கு தந்ததை வீடு குறைத்துவிட்டது என்பது திரைப்பட ஆர்வலர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் முறையீடு. அது நியாயமானதுதான். ஆனால் கௌபாய் படம் அகன்று விரிந்ததற்கே வீட்டுத் திரை ஒரு முக்கியக் காரணம் என்பதையும், பின்னாளில் அதன் முழுச் சட்டகத்தைக் காப்பாற்றித் தந்ததில் வீட்டுப் பார்வையாளருக்குப் பெரும் பங்கு உண்டு என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் வரலாறு முழுமையாகும்.

வெட்டப்பட்டது முதலில் நேரம்

வில்லியம் பாய்ட் 1935 முதல் 1948 வரை ஹாப்பலாங் காசிடி என்ற கௌபாய் நாயகனாக 66 படங்களில் நடித்தவர். வரிசை முடிந்தபோது அவருடைய திரைவாழ்வும் முடிந்ததாகவே பலர் கருதினர். அவரோ தன் உடைமைகளை விற்றும் அடகு வைத்தும் அந்தப் படங்களின் உரிமையை வாங்கினார். 1949 ஜூன் 24 அன்று என்பிசி தொலைக்காட்சி அவற்றை நாடளாவ ஒளிபரப்பத் தொடங்கியது. நாயகன் ஒரே ஆண்டில் வீட்டுப் பிள்ளைகளின் தெய்வமாகிவிட்டான். 1950இல் அலாதீன் நிறுவனம் அவன் படம் ஒட்டிய டிபன் பெட்டியைக் கொண்டுவந்து லட்சக்கணக்கில் விற்றது.

இந்தக் கட்டத்தில் படத்தின் பக்கவாட்டை யாரும் வெட்டவில்லை. அன்றைய திரைப்படச் சட்டகத்தின் அகல-உயர விகிதம் ஏறக்குறைய 1.37:1, தொலைக்காட்சிப் பெட்டியின் சட்டகம் 1.33:1. திரைப்படத்தைப் பின்பற்றியே தொலைக்காட்சியின் வடிவம் வகுக்கப்பட்டிருந்ததால் இரண்டும் அநேகமாகப் பொருந்தின. வெட்டு விழுந்தது நேரத்தில். ஒரு மணி நேர ஒளிபரப்புக்குள் விளம்பரங்களும் அடங்க வேண்டும் என்பதால் படங்கள் ஐம்பது நிமிடத்துக்குச் சற்று மேலாகச் சுருக்கப்பட்டன.

இதை எதிர்த்து நீதிமன்றம் போனவர்களும் கௌபாய் நடிகர்களே. ரிபப்ளிக் நிறுவனம் தங்கள் பழைய படங்களைத் தொலைக்காட்சிக்குக் கொடுப்பதைத் தடுக்க ராய் ராஜர்ஸும் ஜீன் ஆட்ரியும் தனித்தனியே வழக்குத் தொடுத்தனர். விளம்பரங்களுக்கு நடுவே தன் படத்தைக் காட்டினால் அந்தப் பொருளைத் தானே பரிந்துரைப்பதாக ஆகிவிடும் என்பது ராஜர்ஸின் வாதம். 1951இல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. ஆனால் 1954இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரு வழக்குகளிலும் ரிபப்ளிக்கின் பக்கம் நின்றது. படத்தைத் தொலைக்காட்சிக்கு ஏற்றபடி நறுக்கும் உரிமை தயாரிப்பு நிறுவனத்துக்கு உண்டு என்பது அன்றே நிலைபெற்றுவிட்டது. பின்னால் பக்கவாட்டில் கத்தி விழுந்தபோது இயக்குநர்கள் ஏன் கையைப் பிசைந்து நின்றார்கள் என்பதற்கு இந்தத் தீர்ப்பு ஒரு விளக்கம்.

வீட்டை விட்டு விலகி ஓடிய திரை

1950இல் அமெரிக்க வீடுகளில் பத்தில் ஒன்றில்கூடத் தொலைக்காட்சி இல்லை. 1960க்குள் பத்தில் ஒன்பதை நெருங்கிவிட்டது. அரங்குகள் காலியாகத் தொடங்க, வீட்டில் கிடைக்காத ஒன்றைத் தர ஹாலிவுட் திரையை அகலப்படுத்தியது. எண்ணம் புதிதல்ல. 1930இலேயே ரவுல் வால்ஷ் இயக்கிய 'தி பிக் டிரெயில்' 70 மி.மீ. அகலச் சுருளிலும், சாதாரண 35 மி.மீ. சுருளிலும் அருகருகே படமாக்கப்பட்டது. பொருளாதார மந்தத்தில் தவித்த அரங்குகளில் மிகச் சில மட்டுமே அகலத் திரைக்குச் செலவழித்தன. படம் விழுந்தது, அதில் முதன்முறையாக நாயகனாக நடித்த ஜான் வெய்ன் அடுத்த பல ஆண்டுகளைச் சிறு முதலீட்டுப் படங்களில் கழிக்க நேர்ந்தது. 1930இல் எடுபடாததை 1953இல் எடுபடச் செய்தது வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்த போட்டியாளர்தான்.

அந்த ஆண்டு செப்டம்பரில் 'தி ரோப்' படத்தோடு சினிமாஸ்கோப் வந்தது. தொடக்க கால விகிதம் 2.55:1, பிறகு 2.35:1. பாலைவனம், தொடுவானம், கால்நடை மந்தை ஆகியவை இந்த அகலத்துக்கென்றே காத்திருந்தவைபோல் ஆயின. ஆட்டோ ப்ரெமிங்கரின் 'ரிவர் ஆஃப் நோ ரிட்டர்ன்' (1954) இதற்குத் தக்க சான்று. தெப்பத்திலிருந்து மர்லின் மன்றோவைக் கரையேற்றும்போது அவள் பை ஆற்றில் நழுவி விழுகிறது. கதாபாத்திரங்கள் பேசிக்கொண்டிருக்க, பின்னணியில் அது மெல்ல மிதந்து போகிறது. அதை அண்மைக் காட்சியில் காட்டி ப்ரெமிங்கர் நம்மை இடிக்கவில்லை. கவனிப்பவர் கவனிக்கட்டும் என்று விடுகிறார். அவள் பழைய வாழ்வின் உடைமைகளை ஒவ்வொன்றாக இழப்பதன் தொடக்கம் அது. விமர்சகர் சார்ல்ஸ் பார் 1963இல் சினிமாஸ்கோப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் இந்தக் காட்சி மைய எடுத்துக்காட்டாக நிற்கிறது. அகலச் சட்டகம் பார்வையாளருக்குத் தேர்ந்து பார்க்கும் சுதந்திரத்தைத் தருகிறது என்ற அவர் வாதம் இன்றும் வலுவானது.

திரையரங்கும் குற்றமற்றதல்ல என்பதை 'ஷேன்' காட்டுகிறது. ஜார்ஜ் ஸ்டீவன்ஸ் அதை 1.37 சட்டகத்துக்காகவே படமாக்கினார். 1953இல் வெளியானபோது அகலத் திரை மோகம் தொடங்கிவிட்டதால் பாரமவுண்ட் நிறுவனம் மேலும் கீழும் மறைத்து 1.66 விகிதத்தில் காட்டியது. பின்னாளில் தொலைக்காட்சியில் 'ஷேன்' பார்த்தவர்களே அதன் அசல் சட்டகத்துக்கு நெருக்கமாக இருந்தார்கள். 2013இல் அதன் ப்ளூரே வட்டு 1.66இல் வரப்போவதாகத் தெரிந்ததும் எதிர்ப்பு எழுந்தது, வட்டு 1.37க்கு மாற்றப்பட்டது. வீட்டுத் திரை எப்போதும் சிதைக்கும், அரங்கு எப்போதும் காக்கும் என்ற எளிய சூத்திரம் இங்கே உடைகிறது.

இதே ஆண்டுகளில் தொலைக்காட்சி தனக்கென்று ஒரு கௌபாய் வடிவத்தைச் செய்துகொண்டது. 1955இல் ஜான் வெய்ன் அறிமுகப்படுத்தித் தொடங்கிய 'கன்ஸ்மோக்' இருபது ஆண்டுகளில் 635 பகுதிகள் ஓடியது. அந்தத் தொடரின் கதைக்களமான டாட்ஜ் சிட்டி பெரும்பாலும் மதுக்கடை, மருத்துவரின் அறை, மார்ஷலின் அலுவலகம் என்று சுவர்களுக்குள் இயங்கியது. சிறிய சட்டகத்தில் தொடுவானம் எடுபடாது, முகம் எடுபடும். ஆகவே கதை துப்பாக்கியிலிருந்து மனச்சாட்சிக்கு நகர்ந்தது. இது இழப்பு என்று நான் கருதவில்லை. 1958–59 பருவத்தில் அதிகம் பார்க்கப்பட்ட முதல் நான்கு நிகழ்ச்சிகளும் கௌபாய் தொடர்களே.

நாற்பத்து மூன்று சதவீதம்

1961 செப்டம்பர் 23 அன்று என்பிசி, அண்மைக்கால ஹாலிவுட் படங்களைச் சனிக்கிழமை இரவுகளில் காட்டத் தொடங்கியது. முதல் படமே ஒரு சினிமாஸ்கோப் நகைச்சுவை, 'ஹவ் டு மேரி எ மில்லியனர்'. அகலப் படத்தை 1.33 பெட்டிக்குள் அடைக்க 'பேன் அண்ட் ஸ்கேன்' என்ற முறை வழக்கத்துக்கு வந்தது. ஒரு தொழில்நுட்பர் காட்சிக்குக் காட்சி எந்தப் பகுதி வேண்டும் என்று முடிவுசெய்து அதை மட்டும் எடுப்பார். தேவைப்பட்டால் சட்டகத்தை இடமிருந்து வலம் நகர்த்துவார், அல்லது இரு முகங்களுக்கிடையே மாற்றி மாற்றி வெட்டுவார். 2.35 படம் 1.33 ஆகும்போது ஒவ்வொரு கணத்திலும் 43 சதவீதம் காணாமல் போகிறது. கேமரா அசையாத இடத்தில் அசைவும், வெட்டு இல்லாத இடத்தில் வெட்டும் புதிதாக முளைத்தன. ப்ரெமிங்கர் பார்வையாளருக்கு விட்டிருந்த தேர்வை இப்போது பெயர் தெரியாத ஒருவர் செய்தார்.

இத்தாலியில் செர்ஜியோ லியோனி பயன்படுத்திய டெக்னிஸ்கோப் முறை, சுருளின் ஓரத் துளைகளில் சட்டகத்துக்கு நான்குக்குப் பதில் இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு படச்சுருள் செலவைப் பாதியாக்கியது. சிக்கனத்துக்காக வந்த அந்த முறைதான் இரு கண்கள் திரையை நிரப்பும் மிக அண்மைக் காட்சிக்கும், மயானத்தின் நடுவே மூவர் முக்கோணமாக நிற்கும் தொலைவுக் காட்சிக்கும் இடமளித்தது. 'தி குட், தி பேட் அண்ட் தி அக்லி' (1966) படத்தின் அந்த இறுதி மோதலில் மூவரில் ஒருவரைச் சட்டகத்துக்கு வெளியே தள்ளினால் மோதலே இல்லை.

லியோனிக்கு நேர்ந்தது அதோடு நிற்கவில்லை. 'எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்' 1970களில் ஏபிசி தொலைக்காட்சியில் வந்தபோது, காசுக்காகக் கொல்லும் நாயகன் வீட்டுக்கூடத்துக்கு ஒவ்வாதவன் என்று கருதி, புதிதாக ஒரு முன்காட்சி சேர்க்கப்பட்டது. மான்டே ஹெல்மன் இயக்கிய அதில் சிறை அதிகாரியாக ஹாரி டீன் ஸ்டான்டன் வந்து, ஊரைச் சுத்தம்செய்தால் விடுதலை என்று கைதியான நாயகனிடம் பேரம் பேசுகிறார். கிளின்ட் ஈஸ்ட்வுட் அதில் நடிக்கவில்லை. குனிந்த தொப்பியோடு மாற்று ஆளும், படத்திலிருந்தே எடுத்த அவர் முகமும் ஒட்டவைக்கப்பட்டன. சட்டகத்தைக் குறைத்த வீட்டுத் திரை, கதைக்கு ஒரு நியாயத்தைக் கூட்டியது. ஒளிபரப்பைத் தன் வீட்டு பீட்டாமேக்ஸ் கருவியில் ஒரு ரசிகர் பதிவுசெய்து வைத்திருந்ததால்தான் அந்த முன்காட்சி பிழைத்து, பிறகு டிவிடியில் இணைப்பாக வந்தது.

நாடாவும் அலமாரியும்

பீட்டாமேக்ஸ் 1975இலும் விஎச்எஸ் 1976இலும் வந்தன. 1977இல் மிச்சிகனைச் சேர்ந்த ஆந்த்ரே பிளேயின் மேக்னெடிக் வீடியோ நிறுவனம், ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸிடமிருந்து 50 படங்களின் உரிமையைப் பெற்று நாடாவாக விற்றது. அவற்றில் ஒன்று 'புட்ச் காசிடி அண்ட் தி சன்டான்ஸ் கிட்' (1969). அடிதடி, நகைச்சுவை, கௌபாய் மூன்றும் பிரிக்க முடியாதபடி பின்னிய படம். அதன் நகைச்சுவை பால் நியூமன் சொல்வதில் பாதி, அதைக் கேட்டு ராபர்ட் ரெட்ஃபோர்டின் முகம் போகும் போக்கில் பாதி. இருவரும் சட்டகத்தின் இரு ஓரங்களில் நிற்கும்போது நாடா ஒருவரைத்தான் வைத்துக்கொள்ளும். வசனம் கேட்டால் போதும் என்று நகைச்சுவைக்குத் தொடக்கத்தில் நான் அளித்த சலுகை இந்தப் படத்துக்குப் பொருந்தாது.

1977 டிசம்பரில் லாஸ் ஏஞ்சல்ஸில் ஜார்ஜ் அட்கின்சன் நாடாக்களை வாடகைக்கு விடத் தொடங்கினார். விற்ற பொருளை வாங்கியவர் வாடகைக்கு விடலாம் என்ற பதிப்புரிமைச் சட்ட விதி அவருக்குத் துணை நின்றது. வாடகைக் கடைகள் பெருகப் பெருக, படங்களை வகை பிரித்து அடுக்கும் அலமாரி முக்கியமானது. ஒரே நாடாவை இரண்டு அலமாரியில் வைக்க முடியாது. மெல் ப்ரூக்ஸின் 'ப்ளேஸிங் சாடில்ஸ்' (1974) நகைச்சுவையா, கௌபாயா என்பதைக் கடைக்காரரே தீர்மானிக்க வேண்டியிருந்தது. தமிழ்நாட்டில் டெக்கும் கேசட்டும் வாடகைக்கு எடுத்துப் பார்த்த தலைமுறைக்கும் ஹாலிவுட் அகலப் படங்கள் வந்துசேர்ந்தது பெரும்பாலும் இப்படி நறுக்கிய வடிவில்தான்.

கருப்புப் பட்டைக்கான போராட்டம்

முழு அகலத்தையும் காட்டி, மேலும் கீழும் கருப்பு விடும் லெட்டர்பாக்ஸ் முறை 1980களின் நடுவில் எழுந்தது. வுடி ஆலன் தன் 'மன்ஹாட்டன்' படம் அவ்வாறே நாடாவில் வர வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். க்ரைடீரியன் நிறுவனம் லேசர் டிஸ்க்கில் அதை நெறியாகவே ஆக்கியது. காசு கொடுத்து வாங்கிய பெட்டியில் பாதி இருட்டாக இருக்கிறதே என்று பலர் குறைபட்டனர். சின்னப் பெட்டியில் படம் இன்னும் சிறுத்துப்போனதால் அந்தக் குறை வெறும் அறியாமை அல்ல. ஆனாலும் லேசர் டிஸ்க் வாங்கிய சிறுபான்மையினரின் விடாப்பிடியே 1997க்குப் பின் டிவிடியில் அகலச் சட்டகத்தை இயல்பாக்கியது. 'தி பிக் டிரெயில்' படத்தின் அகல வடிவமும் சாதாரண வடிவமும் 2008இல் ஒரே பெட்டியில் டிவிடியாக வந்தன. 1930இல் அகலப் பிரதியைப் பார்க்க வாய்த்தவர்கள் வெகு சிலர். 2008இல் யாரும் இரண்டையும் ஒப்பிடலாம்.

தொலைக்காட்சியின் உருவமும் மாறியது. 1980களின் தொடக்கத்தில் கெர்ன்ஸ் பவர்ஸ் என்ற பொறியாளர், 1.33க்கும் 2.35க்கும் இடைப்பட்ட பெருக்கல் சராசரியாக ஏறக்குறைய 1.77 வருவதைக் காட்டினார். அதுவே 16:9. எந்தப் படமும் அதில் பெரிதாக இழக்காது என்பதே அதன் நோக்கம். ஐம்பதுகளில் தொடங்கிய இழுபறிக்கு எட்டப்பட்ட ஒரு சமரசம் என்று அதைச் சொல்லலாம்.

அந்தச் சமரசத்துக்குப் பிறகும் கௌபாய் படம் இரு திசையிலும் இழுத்துக்கொண்டிருக்கிறது. குவென்டின் டரன்டினோ 'தி ஹேட்ஃபுல் எய்ட்' (2015) படத்தை 2.76:1 விகிதத்தில் அல்ட்ரா பானாவிஷன் 70 முறையில் எடுத்து, 70 மி.மீ. எறிகருவிகளை அரங்குகளில் மீண்டும் நிறுவச் செய்தார். படத்தின் பெரும்பகுதி ஒரே கடைக்குள் நடக்கிறது. வெட்டவெளிக்கென்று பிறந்த அகலத்தை அவர் ஓர் அறைக்குள் கொண்டுவந்து, ஒருவர் பேசும்போது மற்ற அத்தனை பேரின் கைகளையும் நம்மைக் கவனிக்க வைத்தார். 2019இல் நெட்ஃப்ளிக்ஸில் அதே படம் நீட்டப்பட்டு, நான்கு பகுதிகள் கொண்ட தொடராக வந்தது. அகலம் அப்படியே இருந்தது, கூறுபட்டது நேரம்.

கெல்லி ரைக்கார்ட் எதிர்த் திசையில் போனார். 'மீக்ஸ் கட்ஆஃப்' (2010) படத்தை அவர் பழைய 1.33 சட்டகத்தில் எடுத்தார். பாலைவனத்தில் வழிதவறிய பயணிகளின் கதை அது. அடுத்த மேட்டுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது; குறுகிய சட்டகம் நமக்கும் அதை மறைக்கிறது. பெண்கள் அணியும், பக்கப் பார்வையை மறைக்கும் தொப்பிக்குள்ளிருந்து பார்ப்பதுபோன்ற இறுக்கம் படம் முழுவதும் இருக்கிறது. அவருடைய 'ஃபர்ஸ்ட் கௌ' 1.37 சட்டகத்தில் 2020 மார்ச்சில் அமெரிக்க அரங்குகளுக்கு வந்தது. கொரோனாவால் அரங்குகள் மூடப்பட்டதும், ஜூலையில் இணையவழி வாடகைக்கு வந்து வீடுகளில் பார்க்கப்பட்டது. 16:9 பெட்டியில் அதற்கு இடமும் வலமும் கருப்புப் பட்டை விழுந்தது. பெட்டியை நிரப்புவதற்காகத் தலையையோ காலையோ வெட்டும்படி இம்முறை யாரும் கேட்கவில்லை.