கொள்ளைநோயும் இரு மருத்துவர்களும்

தீயோன் ஒருவன் ஊரையே அழிக்கவல்ல படைக்கலத்தைக் கையில் ஏந்தி நிற்பதும், வீரன் ஒருவன் அவனை எதிர்த்து வெல்வதும் கதைகளிலும் திரைப்படங்களிலும் நாம் பலகாலும் கண்ட காட்சியே. வரலாற்றிலோ இத்தகைய மோதல் அவ்வளவு எளிதாக அமைவதில்லை. வீரனும் தீயோனும் ஒருவரையொருவர் சந்திக்காமலே இருக்கலாம். வீரன் வளர்த்த கலையின் பெயரையே தீயோன் தன் முகமூடியாக அணியலாம். முடிவில் தீயோன் தண்டனை பெறாமலே மடியவும் கூடும். எனினும் அம்மோதல் மெய்யானதே. அத்தகைய வரலாறு ஒன்றின் முதல் ஏடு நம் பினாங்கில், ஜார்ஜ் டவுனில், எழுதப்பட்டது என்பதை நம் மாணவர் பலர் அறியார்.

அங்குப் பேசப்படும் ஆயுதத்தின் பெயர் பிளேக். தமிழில் இதனைக் கொள்ளைநோய் என்கிறோம். கள்வர் வீட்டைக் கொள்ளையிடுவதுபோல ஊரின் உயிர்களைக் கொள்ளையிடுவதால் அமைந்த பொருத்தமான பெயர் அது. 1894-இல் ஹாங்காங்கிலும் 1896-இல் பம்பாயிலும் புகுந்த இந்நோய், இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்ட உயிர்களை உண்டது. கோயம்புத்தூரில் உள்ள பிளேக் மாரியம்மன் கோயில்கள் அக்கால மக்களின் அச்சத்திற்கு இன்றும் சான்று பகர்கின்றன. ஹாங்காங்கில் நோய் பரவியபோதே அதன் நுண்ணுயிரைப் பிரெஞ்சு ஆய்வாளர் எர்சானும் ஜப்பானிய அறிஞர் கித்தசாத்தோவும் தேடிக் கண்டனர். எலியிடமிருந்து தெள்ளுப்பூச்சியின் வழியாக அது மனிதனை அடைகிறது என்பதும் பின்னர்த் தெளிவாயிற்று. பகைவன் யார் என்பது தெரிந்துவிட்டது. தெரிந்த பகையை அடக்குவதா, அன்றிப் பிறர்மேல் ஏவுவதா? இவ்வினாவிற்கு இரு மருத்துவர்கள் இருவேறு விடைகளை அளித்தனர். அவ்விடைகள் எழுதப்பட்ட களம் ஒரே நகரம், மஞ்சூரியாவின் ஹார்பின்.

சூலியா தெரு மருத்துவர்

முதல் மருத்துவர் வூ லியென் டே. 1879-ஆம் ஆண்டு மார்ச்சு 10-ஆம் நாள் பினாங்கில் பிறந்தவர். தந்தையார் சீனத்திலிருந்து வந்து குடியேறிய பொற்கொல்லர். பினாங்கு பிரீ ஸ்கூலில் பயின்ற வூ, 1896-இல் அரசியார் உதவித்தொகையை வென்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் கற்கச் சென்றார். சீன மரபினருள் அங்கு மருத்துவம் பயின்ற முதல் மாணவர் அவரே. பட்டங்கள் பல பெற்று 1903-இல் மலாயாவுக்கு மீண்டபோது, உயர்ந்த அரசாங்க மருத்துவப் பதவிகள் வெள்ளையருக்கே உரியவை என்னும் விதி அவரை வரவேற்றது. கோலாலம்பூர் ஆய்வுக்கூடத்தில் ஓராண்டு பணியாற்றிய பின், பினாங்கின் சூலியா தெருவில் தம் மருந்தகத்தைத் திறந்தார். சூலியர் எனப்பட்ட தமிழ் முஸ்லிம் வணிகரால் பெயர் பெற்ற தெரு அது.

அங்கே அவர் முதலில் கண்ட பேரழிவு, அபின். அபின் விற்பனை அக்காலக் குடியேற்ற அரசின் வருவாயில் பெரும்பங்கு வகித்தது. இளைஞராகிய வூ அபின் எதிர்ப்புச் சங்கம் அமைத்தார்; 1906-இல் ஈப்போவில் மாநாடு கூட்டினார். மறு ஆண்டே அவரது மருந்தகம் சோதனையிடப்பட்டது. மருந்துக்கென வைத்திருந்த சிறிதளவு அபின் கரைசல் கைப்பற்றப்பட்டு, அவர் குற்றவாளி எனத் தீர்ப்பளித்து அபராதமும் விதித்தனர். ஊரெங்கும் அபினை விற்க உரிமம் வழங்கிய அரசு, அதனை எதிர்த்தவரை அபின் வைத்திருந்ததற்காகத் தண்டித்த விந்தையை என்னென்பது! மனம் கசந்த நிலையில், சீனத்து இராணுவ மருத்துவக் கல்லூரியிலிருந்து வந்த அழைப்பை ஏற்று அவர் தியென்சினுக்குச் சென்றார். பினாங்கு இழந்தவரை உலகம் பெற்றது.

ஹார்பினில் ஒரு குளிர்காலம்

1910-ஆம் ஆண்டின் இறுதியில் மஞ்சூரியாவில் மக்கள் கூட்டங்கூட்டமாக மடியத் தொடங்கினர். டிசம்பர் 24-ஆம் நாள் ஹார்பினை அடைந்தபோது வூவுக்கு அகவை முப்பத்தொன்று. சில நாள்களிலேயே, இறந்த ஒரு பெண்ணின் உடலை அறுத்துச் சோதித்து, பிளேக் நுண்ணுயிரைக் கண்டறிந்தார். ஆயினும் அவர் கண்டவற்றுள் பெரியது வேறு ஒன்று. இந்நோய் எலியையோ தெள்ளுப்பூச்சியையோ சார்ந்து பரவவில்லை. நுரையீரலைப் பற்றி, இருமலின் வழியாகக் காற்றில் கலந்து, ஒருவரிடமிருந்து மற்றவரை நேரே அடைந்தது. அக்காலத்தில் இதற்கு மருந்தில்லை. பற்றியவர் பிழைப்பது அரிதினும் அரிது.

இக்கருத்தை மூத்தோர் பலர் ஏற்கவில்லை. மெஸ்னி என்னும் பிரெஞ்சு மருத்துவர் இளைஞரின் சொல்லை இகழ்ந்து, முகத்தை மூடாமலே நோயாளிகளைச் சோதித்தார். 1911 சனவரி 11-ஆம் நாள் அதே நோய்க்கு இரையானார். அதன்பின் மெல்லிய துணியின் நடுவே பஞ்சு வைத்து வூ அமைத்த எளிய முகக்கவசத்தை எவரும் இகழவில்லை. நகரை நான்கு வட்டாரங்களாகப் பிரித்து, வட்டாரத்திற்கொரு நிற அடையாளம் வழங்கி, மக்கள் நடமாட்டத்தை அவர் கட்டுப்படுத்தினார். நோயாளிகளுடன் பழகியவர்களை இரயில் பெட்டிகளில் தனிமைப்படுத்தினார். உறைந்த நிலத்தைத் தோண்ட இயலாமையால் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பிணங்கள் புதைக்கப்படாமல் கிடந்தன. முன்னோர் உடலை எரித்தல் சீன மரபுக்கு மாறானது. ஆகவே அவர் பேரரசின் இசைவை வேண்டிப் பெற்று, சனவரி இறுதியில் அவற்றை எரியூட்டினார். மார்ச்சு முதல் நாளுக்குப் பின் ஹார்பினில் புதிய நோயாளி இல்லை. ஏறத்தாழ 60,000 பேரைப் பலிகொண்ட கொள்ளைநோய் சில திங்களில் அடங்கியது.

அடுத்து அவர் செய்ததே நம் கருத்துக்கு முதன்மையானது. 1911 ஏப்பிரலில் முக்தென் நகரில் பதினொரு நாட்டு அறிஞர்கள் கூடிய பிளேக் மாநாட்டிற்குத் தலைமை தாங்கி, தாம் கண்டதனைத்தையும் உலகின்முன் விரித்து வைத்தார். ஜப்பானின் கித்தசாத்தோவும் அவையில் இருந்தார். 1912-இல் ஹார்பினைத் தலைமையிடமாகக் கொண்டு வட மஞ்சூரியப் பிளேக் தடுப்புப் பணியகம் எழுந்தது. 1926-இல் நுரையீரல் பிளேக் பற்றிய அவரது பெருநூலை உலக நாடுகள் சங்கம் வெளியிட்டது. அறிவு எவருக்கும் உரிய பொதுச்சொத்து என்பதே அவர் கொள்கை.

பெயரைத் திருடியவர்

இரண்டாம் மருத்துவர் இஷி ஷிரோ. 1892-இல் பிறந்தவர், கியோத்தோ பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிரியல் கற்றவர், ஜப்பானிய இராணுவ மருத்துவ அதிகாரி. 1925-ஆம் ஆண்டு ஜெனீவா உடன்பாடு நச்சுவாயுவையும் கிருமிகளையும் போரில் பயன்படுத்தத் தடை விதித்தது. அதனைக் கண்ட உலகம் ஆறுதல் அடைந்தது. இஷியோ ஆசை கொண்டார். தடை செய்யும் அளவுக்கு அஞ்சப்படுவதாயின் அது வலிய ஆயுதமாகத்தானே இருக்கவேண்டும் என்பது அவர் வாதம்.

1931 செப்டம்பரில் ஜப்பானியப் படை மஞ்சூரியாவைக் கைப்பற்றத் தொடங்கியது. அவ்வாண்டின் இறுதியில் அங்குச் சென்றிருந்த வூவை உளவாளி என ஐயுற்றுத் தடுத்து வைத்து விசாரித்தனர். விடுதலை பெற்ற அவர் மஞ்சூரியாவை விட்டு நீங்கினார். அவர் நீங்கிய ஹார்பினுக்குள் இஷி நுழைந்தார். 1936-இல் பேரரசரின் ஆணையால் முறையான படைப்பிரிவாக நிறுவப்பட்டு, நகருக்கு அண்மையில் பிங்பாங்கில் பெருங்கட்டடங்களில் இயங்கி, பின்னாளில் 731 என்னும் எண்ணால் அறியப்பட்ட அப்பிரிவிற்கு வைத்த பெயர் என்ன? நோய்த்தடுப்பு, நீர்த்தூய்மைப் பிரிவு! எந்த நகரில் நோய்த்தடுப்பு என்னும் சொல்லுக்கு வூ பெருமை சேர்த்தாரோ, அந்நகரிலேயே அச்சொல் கொலைத் தொழிலுக்குத் திரையாயிற்று.

அங்குக் கைதிகளுக்கு வேண்டுமென்றே நோய் ஏற்றினர். உயிரோடு அறுத்தும் ஆராய்ந்தனர். சீனர், உருசியர், கொரியர் எனப் பலரும் அவ்வாறு மாண்டனர். மூவாயிரத்துக்குக் குறையாதோர் இறந்தனர் என்பது பின்னாளில் அவ்வதிகாரிகளே அளித்த சாட்சியம். அக்கைதிகளை அவர்கள் ‘மருத்தா’ என்றழைத்தனர். மரக்கட்டை என்பது அதன் பொருள். நோயுற்ற மனிதனைக் கட்டையென்று அழைத்த அக்கணமே மருத்துவம் அங்கே இறந்துவிட்டது.

வெடியின் வெப்பத்தில் தெள்ளுப்பூச்சிகள் மடிந்துவிடும் ஆதலால், சிறிதளவு வெடிமருந்தால் உடையும் பீங்கான் குண்டுகளை இஷி வடிவமைத்தார். 1940 அக்டோபரில் நிங்போ நகர்மேல் தானியத்தோடு நோய்ப்பூச்சிகளை வானூர்தியிலிருந்து தூவினர். நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 1941 நவம்பர் 4-ஆம் நாள் விடியலில் ஹூனான் மாநிலத்துச் சாங்தே நகர்மேல் ஒரு வானூர்தி தாழப் பறந்து தானியமும் துணித்துண்டுகளும் வீசிச் சென்றது. சில நாள்களில் ஒரு சிறுமி இறந்தாள், பிளேக் தொடங்கியது.

மோதல்

இங்கேதான் வீரமும் கொடுமையும் எதிரெதிர் நின்றன. வூ அங்கு இல்லை. அவர் வளர்த்த கலை அங்கு இருந்தது. சாங்தேயில் முதலில் ஆய்வு நடத்தியவர் சென் வென்குவெய் என்னும் சீன மருத்துவர். அவரைத் தொடர்ந்து டிசம்பரில் அங்குச் சென்றவர் இராபர்ட் பொலிட்சர். ஹார்பினில் வூவின் பணியகத்தில் ஆண்டுக்கணக்கில் உடன் உழைத்து, 1936-இல் வெளிவந்த பிளேக் கையேட்டை அவருடன் சேர்ந்து எழுதியவர். அவர்கள் ஏந்திய படைக்கலம் தருக்கம் ஒன்றே. இயற்கையாக வரும் பிளேக் முதலில் எலிகளைக் கொன்று, பின்னரே மனிதரைத் தொடும்; இங்கோ எலிகள் மடியுமுன் மனிதர் மடிந்தனர். பிளேக் வழங்கும் நிலப்பகுதி எதுவும் சாங்தேக்கு அண்மையில் இல்லை. முதல் நோயாளிகள் படுத்த நாள்களோ, வானூர்தி வந்த நாளிலிருந்து எண்ணினால் நோய் கருக்கொள்ளும் காலத்தோடு ஒத்திருந்தன. ஆகவே நோய் வானிலிருந்தே வந்தது என முடிவு கட்டினர். 1942-இல் சீன அரசு இதனை உலகுக்கு அறிவித்தது. உலகம் உடனே நம்பவில்லை. எனினும் சான்று எழுத்தில் நிலைத்தது.

போர் மலாயாவுக்கும் வந்தது. 1937-இல் தாயகம் திரும்பி ஈப்போவில் மருத்துவம் புரிந்துவந்த வூ, மீண்டும் ஜப்பானியர் ஆட்சியின்கீழ் வாழ நேர்ந்தது. 1943-இல் காட்டுப்படையினர் அவரைப் பிடித்துச் சென்று மீட்புப்பணம் பெற்று விடுவிக்க, பணம் கொடுத்ததையே குற்றமாகக் கருதி ஜப்பானியர் ஐயுற்றனர். முன்னர் ஒரு ஜப்பானிய அதிகாரிக்குச் செய்த மருத்துவமே அவரைக் காத்தது என்பர். அதே காலத்தில் சிங்கப்பூரில் 9420 என்னும் எண்ணுடைய கிருமிப்போர்ப் பிரிவு எலிகளையும் தெள்ளுப்பூச்சிகளையும் வளர்த்துக்கொண்டிருந்தது. ஜொகூரின் தாம்போயில் அதற்குக் கிளையும் இருந்தது. இளமையில் அச்சிங்கப்பூர்க் கூடத்தில் வேலை செய்த ஒத்மான் வோக், பின்னாளில் சிங்கப்பூர் அமைச்சராக விளங்கியவர், 1991-இல் அதனை வெளிப்படக் கூறினார். ஆக, அக்கொடுமையின் நிழல் நம் மண்ணிலும் படிந்திருந்தது.

முடிவு

1945 ஆகஸ்டில் தோல்வி நெருங்கியதும் பிங்பாங் கட்டடங்களை வெடிவைத்துத் தகர்த்தனர். ஆயினும் நோயேற்றிய விலங்குகள் தப்பின. 1946-இல் அவ்வட்டாரத்தில் பிளேக் மீண்டும் உயிர்களைக் கொண்டது. இஷிக்கு நேர்ந்தது யாது? ஆய்வுக் குறிப்புகளைப் பெறும் பொருட்டு அமெரிக்க அதிகாரிகள் அவரையும் கூட்டாளிகளையும் வழக்கிலிருந்து விலக்கினர். 1949 டிசம்பரில் சோவியத்து நாட்டின் கபரோவ்ஸ்க் நகரில் பன்னிருவர் விசாரிக்கப்பட்டனர். இஷி அவர்களுள் இல்லை. 1959 அக்டோபரில் அவர் நோயுற்றுத் தம் நாட்டிலேயே இறந்தார். மூன்று திங்கள் கழிந்து, 1960 சனவரி 21-ஆம் நாள், வூ லியென் டே தாம் பிறந்த பினாங்கிலேயே எண்பதாம் அகவையில் கண்மூடினார். தம் வாழ்க்கை வரலாற்று நூலை அதற்கு முந்திய ஆண்டில்தான் வெளியிட்டிருந்தார்.

அறம் வெல்லவில்லையே என்று மாணவர் கேட்பர். கேட்கட்டும், அக்கேள்வியை மழுப்புதல் ஆசிரியர்க்கு அழகன்று. அதேவேளையில் ஒரு நாட்டினரைப் பழிக்கும் பாடமாகவும் இதனை ஆக்குதல் கூடாது. முக்தென் அவையில் அமர்ந்தவரும் ஜப்பானியரே; பிங்பாங் கொடுமையைப் பின்னாளில் வெளிக்கொணர உழைத்தவர்களுள்ளும் ஜப்பானியர் பலர். கிருமிப்போர் நிகழ்ந்தது உண்மை என 2002-இல் தோக்கியோ நீதிமன்றமே ஏற்றது, இழப்பீடுதான் வழங்கவில்லை.

இரு மருத்துவரும் கற்ற நுண்ணுயிரியல் ஒன்றே, கருவிகளும் ஒன்றே. ஒருவர் தாம் கண்டதைப் பதினொரு நாட்டார்முன் விரித்தார். மற்றவர் மதிலுக்குள் மறைத்தார். ஒருவர் நோயாளியை மனிதராகக் கண்டார். மற்றவர் கட்டையாகக் கண்டார். வேறுபாடு அறிவில் இல்லை. அறிவு யாரைக் கருதி இயங்குகிறது என்பதில் இருந்தது. 1972-இல் கிருமி ஆயுதங்களை முற்றாக விலக்கும் உடன்படிக்கை பிறந்தது. ஆயினும் எந்த உடன்படிக்கையும் ஆய்வுக்கூடத்தின் உள்ளே மனச்சான்றை நிறுத்திவைக்க இயலாது. அப்பணி வகுப்பறைக்கு உரியது.

2020-இல் பெருந்தொற்று வந்தபோது உலகத்தார் முகத்தை மூடி நடந்தனர். அப்பழக்கத்தின் வேர்களுள் ஒன்று சூலியா தெருவில் மருந்து கொடுத்த இளைஞரிடம் இருந்தது. பிரீ ஸ்கூலின் அருகே அவர் பெயர் தாங்கிய குடியிருப்பு ஒன்று உண்டு. அவ்வழியே மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர், அப்பெயரை வாசிக்கச் சொல்வதோடு நில்லாது, அவர் எதனை எதிர்த்தார் என்பதையும் கூறுவாராக.